நெருப்பெரிச்சலில் ‘யாரையும் தெரியாது’ என்றேன்

இந்த வலைப்பதிவில் இதுவரை குற்றாலம், கழுகுமலை என்று சுற்றிப் பார்த்த இடங்களைப் பற்றித்தான் எழுதியிருக்கிறேன். இது வேலை தேடிப் போன பயணம். பி.காம். முடித்து ஒரு வருடம் கோவில்பட்டியில் சும்மா இருந்துவிட்டு, இந்த 2007 ஆடி மாதம் திருப்பூருக்குக் கிளம்பினேன். என்னைப் போலக் கிளம்பப் போகிறவர்களுக்காக பஸ், நேரம், செலவு எல்லாம் சொல்கிறேன். கூடவே நான் செய்த ஒரு கேவலமான காரியத்தையும் சொல்ல வேண்டியிருக்கிறது. அதை விட்டுவிட்டு எழுதலாமா என்று மூன்று நாள் யோசித்தேன். முடியவில்லை.

கோவில்பட்டியில் காலை ஐந்தரைக்கு பஸ் ஏறினேன். எட்டு மணிக்கு மதுரை மாட்டுத்தாவணி. திருப்பூர் பஸ் அங்கிருந்து கிடையாது, ஆரப்பாளையம் போக வேண்டும். டவுன் பஸ்ஸில் நாற்பது நிமிடம். ஒன்பது மணிக்குப் புறப்பட்ட திருப்பூர் பஸ்ஸில் டிக்கெட் அறுபத்திரண்டு ரூபாய். திண்டுக்கல், ஒட்டன்சத்திரம், தாராபுரம் வழியாகச் சுமார் நூற்றெண்பது கிலோமீட்டர். இடது பக்க ஜன்னல் வேண்டாம், மதிய வெயில் முழுக்க மடியில்தான் விழும். தாராபுரம் தாண்டியதும் காற்றாலைகள் வந்தன. ஆடிக் காற்றுக்கு எல்லாம் வேகமாகச் சுற்றிக்கொண்டிருந்தன.

கண்டக்டர் என் ஃபைலைப் பார்த்துவிட்டு, “ஏனுங்க தம்பி, வேலைக்கா?” என்றார். ஆமாம் என்றேன். “கம்பெனிக்குள்ள ஆரு இருக்காங்க?” என்று கேட்டார். “யாரும் வேண்டாங்க, டிகிரி இருக்கு” என்றேன். அவர் சிரிக்கவில்லை. “அப்படீங்களா, சரீங்க” என்று சொல்லிவிட்டுப் போனார். திருப்பூரில் எவரும் முதலில் கேட்கும் கேள்வி அதுதான் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

ஆனால் எனக்கு ஆள் இருந்தது. பெரியப்பா மகன் ஞானதாஸ் அண்ணன் திருப்பூரை ஒட்டிய நெருப்பெரிச்சல் என்ற ஊரில் நிட்டிங் மிஷின் ஓட்டுகிறார். அவர் மனைவி ஜெபமணி மதினி, பக்கத்திலேயே ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங்கில் இருக்கிறார். தைத்து வரும் டி-ஷர்ட்டைப் புரட்டிப் பார்த்து, ஓட்டை, கறை, தையல் விட்டுப்போன இடம் எங்கே இருந்தாலும் அங்கே சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுகிற வேலை. அந்தக் கம்பெனியில் மெர்ச்சண்டைசர் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று சொல்லி என்னை வரவழைத்ததே மதினிதான். வெளிநாட்டு ஆர்டரை நூல் வாங்குவதிலிருந்து பெட்டி கட்டி அனுப்புவது வரை பின்தொடர்கிற வேலை அது. ஏசி அறை, கம்ப்யூட்டர், இங்கிலீஷ் மெயில். அதை நினைத்தே நான் ஊரில் ஒரு டை வாங்கியிருந்தேன்.

பழைய பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போது மணி இரண்டே கால். அங்கிருந்து நெருப்பெரிச்சலுக்கு டவுன் பஸ் நான்கு ரூபாய், அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். வழியெங்கும் கம்பெனி கேட்டுகளில் கரும்பலகைகள். ‘ஓவர்லாக் டெய்லர் தேவை’, ‘கைமடி ஆட்கள் தேவை’, ‘செக்கிங் பெண்கள் தேவை’. கைமடி என்பது டெய்லருக்குக் கூடமாட இருக்கிற வேலை. மெர்ச்சண்டைசர் தேவை என்று ஒரு பலகை கூட இல்லை. அந்த மாதிரி வேலை பலகைக்கு வருவதே இல்லையாம். ஒருவர் சொல்லி ஒருவருக்குப் போகும்.

அவர்கள் குடியிருப்பது ஒரே ஒரு அறை கொண்ட லைன் வீடு. மறுநாள் நான் எழுந்திரிப்பதற்குள் மதினி என் சட்டைக்கு இஸ்திரி போட்டு வைத்திருந்தார். நான் போட்டுக்கொண்டு நின்றதும் சும்மா விடவில்லை. காலரை மடக்கிப் பார்த்து, கைப்பட்டியைத் திருப்பிப் பார்த்து, தொங்கிய நூலைச் சின்ன டிரிம்மர் கத்தரியால் வெட்டிவிட்டார்.

“தம்பி, கேட்டா என் பேரச் சொல்லுங்க” என்றார்.

சரி என்றேன். மனதுக்குள், செக்கிங்கில் வேலை பார்க்கிறவர் பெயரைச் சொல்லி ஏசி அறைக்குள் எப்படிப் போவது என்று நினைத்தேன். நினைத்ததோடு நிற்கவில்லை. எட்டேகாலுக்கு மதினி டிபன் தூக்கோடு கிளம்பும்போது, “நீங்க முன்னாடி போங்க மதினி, எனக்கு ஜெராக்ஸ் எடுக்கணும்” என்றேன். எல்லா ஜெராக்ஸும் ஃபைலிலேயே இருந்தன. அவரோடு சேர்ந்து கேட்டில் நுழைவதை யாரும் பார்த்துவிடக் கூடாது, அவ்வளவுதான்.

பத்து மணிக்கு ஆபீஸ் பெஞ்சில் உட்கார்ந்தேன். பக்கத்தில் கோயம்புத்தூர்ப் பையன் ஒருவன். டெக்ஸ்டைல் டிப்ளமோ. தன் மாமா அவிநாசி ரோட்டில் எக்ஸ்போர்ட் கம்பெனி வைத்திருப்பதாகச் சொன்னான். “உங்களுக்கு?” என்றான். எதிரே கண்ணாடிச் சுவர். அதற்கு அந்தப் பக்கம் நீள மேஜையில் இருபது பெண்கள் நின்றபடி டி-ஷர்ட்டுகளைப் புரட்டிக்கொண்டிருந்தார்கள். மூன்றாவது ஆள் மதினி. “எனக்கு யாரும் இல்ல” என்றேன். ஒருமுறை சொல்லிவிட்டால் அடுத்த முறை சுலபமாக வந்துவிடுகிறது.

மேனேஜர் உள்ளே கூப்பிட்டு சர்டிபிகேட்டைப் பார்த்தார். ஒரு இங்கிலீஷ் கடிதம் எழுதச் சொன்னார். எழுதியது அவருக்குப் பிடித்திருந்தது.

“இங்க தெரிஞ்சவங்க ஆராச்சும் இருக்காங்களா தம்பி?”

“யாரையும் தெரியாது சார்.”

“கோவில்பட்டிங்கறீங்க. நம்ம செக்கிங்ல ஜெபமணின்னு ஒரு அம்மா அந்தப் பக்கந்தானுங்க. அவங்க கொழுந்தன் வருவாருன்னு ஒரு வாரமாச் சொல்லிட்டிருக்காங்க. நீங்கதானோன்னு நினைச்சேன்.”

அந்த இடத்திலாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். முதலில் சொன்னது பொய்யாகிவிடுமே என்று பயந்து, “அது வேற ஆளா இருக்கும் சார்” என்றேன்.

மேனேஜர் ஆள் அனுப்பி மதினியைக் கூப்பிட்டார். மதினி வேகமாக வந்தார். முகமெல்லாம் சிரிப்பு. சேலைக்கு மேல் நீல கோட்டு, அதன் கையில் வரிசையாகச் சிவப்பு அம்பு ஸ்டிக்கர்கள். “இவருதானுங்களா நீங்க சொன்ன கொழுந்தன்? இல்லைங்கறாரு” என்றார் மேனேஜர்.

மதினி என்னைப் பார்த்தார். டையை, ஃபைலை, காலையில் தான் நூல் வெட்டிவிட்ட கைப்பட்டியை. நான் மேஜை மேலிருந்த பேனா ஸ்டாண்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“இல்லீங்க சார். இது வேற பையனுங்க. எங்க கொழுந்தன் இன்னும் ஊர்ல இருந்து வரலீங்க.”

வீட்டில் அவர் பேசுவது எங்கள் ஊர்ப் பேச்சு. கம்பெனிக்குள் வந்தால் இந்த ஊர் ‘ங்க’ தானாக ஒட்டிக்கொள்கிறது. அதே மரியாதையோடு என்னைத் தெரியாது என்று சொல்லிவிட்டார். எனக்குத் தரைக்குள் போய்விடலாம் போலிருந்தது.

“அப்படீங்களா. உங்க ஆளு வந்தாக் கூட்டியாங்க, அவருக்குன்னுதான் ஒரு இடம் வச்சிருக்கேன்” என்று மதினியை அனுப்பிவிட்டு மேனேஜர் என் பக்கம் திரும்பினார். “தப்பா நினைச்சுக்காதீங்க தம்பி. ஆர்டர் குடுக்கற பையரோட சாம்பிளு, விலை எல்லாம் மெர்ச்சண்டைசர் கையிலதான் இருக்கும். ஆளு சரியில்லீன்னா அதெல்லாம் நாளைக்கே அடுத்த கம்பெனிக்குப் போயிரும். உள்ள இருக்கற ஆளு ஒருத்தரு ‘நாஞ்சொல்றேன்’னு சொன்னாத்தான் இங்க உக்கார வைப்போமுங்க.”

எனக்கென்று வைத்திருந்த இடம் எனக்கே கிடைக்கவில்லை. ஏசி அறைக்குச் சாவி என் டையில் இருக்கிறது என்று நினைத்தேன். அது செக்கிங் மேஜையில் மூன்றாவதாக நின்ற மதினியிடம் இருந்திருக்கிறது.

சாயங்காலம் ஆறு மணிக்கு மதினி வந்தார். அண்ணன் “என்னடே ஆச்சு?” என்று கேட்டதும், நான் வாயைத் திறப்பதற்குள் மதினியே, “ஆள் எடுக்கலையாம்” என்று முடித்துவிட்டார். மறுநாள் காலை ஏழு மணி பஸ்ஸுக்குப் புளிச்சோறு கட்டிக் கொடுத்தார். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வாசல் வரை நினைத்தேன். “வாரேன் மதினி” என்று மட்டும் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். தாராபுரத்தில் பொட்டலத்தைப் பிரித்தேன். அவித்த முட்டை ஒன்று உள்ளே இருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது, பக்கத்து சீட்டுக்காரர் தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

இதோடு பதிவு முடிந்திருக்க வேண்டும். நேற்று வெள்ளிக்கிழமை மதினி ஒரு ரூபாய் காயின் போனிலிருந்து பேசினார்.

“தம்பி, அந்த இடம் இன்னும் காலியாத்தான் இருக்கு. கூட வேலை பாக்கிறவங்க சிபாரிசுன்னு பேசுவாங்கன்னு கடைசி நேரத்துல பயந்து, நாந்தான் உங்கள அப்படிச் சொல்லச் சொன்னேன்னு மேனேஜர்ட்ட சொல்லிட்டேன். என்னை நாலு வார்த்தை சத்தம் போட்டாரு, பொறவு வரச் சொல்லுங்கன்னுட்டாரு. திங்கக்கிழமை வாங்க.” நடுவில் டொக்கென்று இன்னொரு காசு விழும் சத்தம். “காலைல வேணாம். ஒரு மணிக்கு வாங்க. அந்நேரம் செக்கிங்ல நாங்க எல்லாரும் சாப்பாட்டுக்குப் போயிருவோம். ஆபீஸ் பக்கம் ஒருத்தரும் இருக்க மாட்டோம். உங்களுக்குச் சங்கடம் இருக்காது.”

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அதற்குள் லைன் கட்டாகிவிட்டது.

கோவில்பட்டி பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து இதைத் தட்டுகிறேன், மணிக்கு இருபது ரூபாய். வேலை தேடிப் போகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது கொஞ்சந்தான். சர்டிபிகேட் மூன்று செட் ஜெராக்ஸ் ஊரிலேயே எடுத்துவிடுங்கள். டை வேண்டாம், மேனேஜரே செருப்புதான் போட்டிருந்தார். உள்ளே உங்களுக்கு யார் இருந்தாலும், ஓவர்லாக்கோ கைமடியோ செக்கிங்கோ, அவர் பெயரை முதல் வரியில் சொல்லிவிடுங்கள். முடிந்தால் அவரோடு சேர்ந்தே கேட்டுக்குள் போங்கள்.

நாளை ஞாயிறு கிளம்புகிறேன், அதே ஐந்தரை மணி பஸ். வேலை கிடைக்குமா என்று தெரியாது. ஆனால் ஒரு மணிக்குப் போக மாட்டேன். பத்து மணிக்குப் போகிறேன். அப்போதுதான் செக்கிங் மேஜையில் எல்லோரும் இருப்பார்கள்.