அந்த ஷூவைத் திருப்பித் தராதீர்கள்

போன மாதம் ஒரு பவேரியக் கிராமத்துத் தேவாலய வாசலில், நவம்பர் குளிரில், வெறும் சாக்ஸோடு நின்றேன். வேண்டுதல் எல்லாம் இல்லை. ஷூவைக் காணவில்லை.

ஜெர்மனியில் எதுவும் தொலையாது என்று இதே பக்கத்தில் எத்தனை முறை பீற்றிக்கொண்டிருப்பேன்? எனக்கு நன்றாக வேண்டும்.

முதலிலிருந்து சொல்கிறேன். எனக்குப் பெரிய தேவாலயங்கள் ஆகாது. ஊரிலிருந்து வரும் விருந்தாளிகளை அழைத்துப்போய், அண்ணாந்து பார்த்துப் பார்த்துக் கழுத்து சுளுக்கியதுதான் மிச்சம். கோபுரம் உயர உயர, கீழே செல்ஃபி கூட்டம். கும்பிட வந்தவருக்கு நிற்க இடம் கிடைக்காது. அதனால் லீவு நாட்களில் பெயர் தெரியாத கிராமங்களில் காரை நிறுத்தி, வெள்ளையடித்த பழைய சின்னத் தேவாலயங்களைத் தேடிப் பார்ப்பது என் வழக்கம். உள்ளே நாலு பெஞ்சு, மெழுகு வாசனை, மூக்குடைந்த ஒரு புனிதர். அவர் யாரென்று விளக்க கைடு கிடையாது, ஆடியோ டூர் கிடையாது… சொர்க்கம்.

அன்று கூட வந்தவர் பத்மா அக்கா. நான் குடியிருக்கும் கார்ஹிங்கில் எங்கள் மேல்மாடிக்காரர். யாழ்ப்பாணத்திலிருந்து அகதியாக வந்தவர், இப்போது ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையை அதட்டி நடத்துகிறார். அவருக்கு மார்பில் ஒரு கட்டி. சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பியாயிற்று, திங்கட்கிழமை முடிவு. வாய் ஓயாத அக்கா அந்த வாரம் முழுக்கப் பேசவே இல்லை. எனக்கே பயமாக இருந்தது.

"தம்பி, நீங்கள் போற அந்தச் சின்னக் கோயில் ஒண்டுக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போங்கோ" என்றார். "முருகனுக்குச் சொல்லிப்போட்டன். மாதாவுக்கும் ஒருக்கா சொல்லிவிடுவம்."

அக்கா இந்துதான். அதனாலென்ன? எத்தனை கோர்ட் உண்டோ அத்தனையிலும் மனு போடுவதுதானே நம் வழக்கம்.

வாசலில் கால்கள் தாமாகவே ஷூவை உதறின. இங்கே யாரும் கழற்றுவதில்லை என்று இருவருக்கும் தெரியும். ஆனாலும் சாமி இருக்கிற இடத்துக்குள் ஷூவோடு போக மனசு வருமா? சுவரோரம் ஏற்கெனவே சில மூட்டைகள் இருந்தன. அவற்றின் பக்கத்தில் ஜோடி ஜோடியாக, ஒழுங்காக வைத்துவிட்டு உள்ளே போனோம்.

அக்கா முன் பெஞ்சில் உட்கார்ந்து சத்தமில்லாமல் அழுதார். நான் மூக்குடைந்த புனிதரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெளியே வந்தால் — மூட்டைகளும் இல்லை, ஷூக்களும் இல்லை. தேவாலயச் சாவியை வைத்திருக்கும் அம்மா முற்றத்தில் இலை கூட்டிக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டதும் நெற்றியில் கை வைத்தார். அன்று அந்த ஊரில் பழைய துணியும் பழைய செருப்பும் தானமாகச் சேகரிக்கிற நாளாம். மூட்டைகளோடு எங்கள் ஷூவும் வேன் ஏறிவிட்டது. என்னுடையது புது ஷூ என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

நான் நொந்துபோய் நிற்கிறேன். அக்கா முகத்தில்… சிரிப்பு. வாரம் முழுக்கக் காணாத சிரிப்பு.

"கோயில் வாசல்ல செருப்புத் துலைஞ்சா, பிடிச்சிருந்த சனியும் துலைஞ்சுது தம்பி. என்னை விட்டிட்டுது."

ஆனால் இது ஜெர்மனி ஆயிற்றே. ஒரு பொருளை நிம்மதியாகத் தொலைக்க விடுவார்களா? சாவிக்கார அம்மா அதற்குள் போனில் பேசி, அடுத்த கிராமத்துக்குப் போன வேனைத் திருப்பி வரவழைத்துவிட்டார். டிரைவர் மூட்டை மூட்டையாகப் பிரித்தார். கடைசியில் வெற்றிப் புன்னகையோடு இரண்டு ஜோடியையும் தூக்கிக் காட்டினார்.

அக்காவின் முகம் வெளுத்துவிட்டது. தெளிவான ஜெர்மனில், "அது என்னுடையது இல்லை" என்றார்.

அந்த அம்மா அக்காவின் ஈர சாக்ஸைப் பார்த்தார். ஷூவைப் பார்த்தார். போட்டுப் பார்க்கலாமே என்று அன்போடு நீட்டினார்.

"ஏலாது தம்பி. அதை நான் திருப்பி வாங்க ஏலாது. என்னவாவது சொல்லுங்கோ."

என் ஜெர்மன், ரொட்டி வாங்கவும் மன்னிப்புக் கேட்கவும் போதும். சனி பகவானை அதில் எப்படி விளக்குவது? "தானம்" என்று மட்டும் சொன்னேன். "அந்த ஷூ தானம்."

சற்றுமுன் தன்னுடையதில்லை என்றவர் எப்படித் தானம் செய்ய முடியும் என்று அந்த அம்மா கேட்கவில்லை. அக்காவின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். ஷூவை வேனில் போடச் சொல்லிவிட்டு, பக்கத்திலிருந்த தன் வீட்டுக்குப் போய் ஒரு ஜோடி கம்பளிச் செருப்பைக் கொண்டுவந்து கொடுத்தார். எனக்குக் கட்டிக்கொண்டு அழ வேண்டும்போல் இருந்தது. என் ஷூ மட்டும் பத்திரமாக என்னிடமே வந்து சேர்ந்தது.

திங்கட்கிழமை அக்கா போன் செய்தார். "தம்பி… அது பயப்படுற கட்டி இல்லையாம்."

முருகனா, மாதாவா, வேனா? எனக்கு இந்த மூடநம்பிக்கை எல்லாம் கிடையாது. உங்களுக்கே தெரியும். ஆனாலும்… போன வாரம் தனியாக அதே தேவாலயத்துக்குப் போனேன். ஷூவை வாசலில் விட்டுவிட்டு, வேண்டுமென்றே வெகுநேரம் உள்ளே உட்கார்ந்திருந்தேன்.

வெளியே வந்தால் மழை. ஷூவை யாரோ கூரைக்குக் கீழே நகர்த்தி, நனையாமல் இருக்க மேலே ஒரு பிளாஸ்டிக் பையும் போட்டு மூடி வைத்திருந்தார்கள்.

இந்த நாட்டில் சனியைத் தொலைப்பது அவ்வளவு சுலபமில்லை.