எடை போடாமல் ஏறக் கூடாது

உங்கள் எடை எவ்வளவு? இப்போது மனதுக்குள் ஓர் எண் வந்ததே, அதைச் சொல்லாதீர்கள். அது போன வருஷத்து எண், இல்லையென்றால் நீங்கள் ஆசைப்படுகிற எண். உண்மையைச் சொல்லத் தைரியம் இருந்தால் மேலே படியுங்கள். இல்லாவிட்டாலும் படியுங்கள், இது உங்களைப் போன்றவர்களின் கதைதான்.

தராசு கேப்டன் என்று ஒருவர். ஊருக்கு வெளியே இருக்கும் புல்தரை ஓடுபாதையில் ஒரு தகரக் கொட்டகையும், நான்கு பேர் உட்காரும் விமானம் ஒன்றும் அவருக்கு இருந்தன. கொட்டகை வாசலில் சிமென்ட் கிடங்கு கழித்துப்போட்ட மேடைத் தராசு. அதற்கு மேலே அவரே வர்ணம் தொட்டு எழுதிய பலகை: ‘எடை போடாமல் ஏறக் கூடாது.’

சின்ன விமானம், பிள்ளைகள் இரண்டு பக்கமும் உட்கார்ந்து ஏறி இறங்கி ஆடுகிற பலகை மாதிரி. கனமான ஆள் முன்னால், லேசான ஆள் பின்னால். மாற்றி உட்கார்ந்தால் அது மூக்கைத் தூக்கிக்கொண்டு சொன்ன பேச்சுக் கேட்காது. ஆகவே கேப்டன் இருக்கை கொடுப்பது எடையைப் பார்த்துத்தான், ஆளைப் பார்த்து அல்ல. ஒருமுறை, பலகை மாதிரி ஒட்டி உலர்ந்த ஒரு ஒப்பந்தக்காரரைப் பின்னாலும், துணி வெளுக்கிற அம்மாவை முன்னாலும் உட்காரச் சொன்னார்.

“நான் யாருன்னு தெரியுமா?” என்று குதித்தார் ஒப்பந்தக்காரர்.

“தெரியல. அதுக்குத்தான் ஏறி நில்லுங்கன்னு சொன்னேன்.”

அந்த அம்மா முன்னால் உட்கார்ந்து, வழிநெடுக மேகத்துக்கு விளக்கம் சொல்லிக்கொண்டே போனார். ஒப்பந்தக்காரர் பின்னால் உட்கார்ந்து அவருடைய கொண்டையைப் பார்த்துக்கொண்டே போனார். குலம் கோத்திரம் கேட்காத ஒரே நாற்காலி அந்த ஊரில் அதுதான்.

விமானம் போனது மலைக்கு அந்தப் பக்கம். அங்கே இருக்கிற ஜனங்களுக்குச் சாலை கிடையாது. ஒவ்வொரு தேர்தலுக்கும் ஒரு சாலை போடுவார்கள், சுவரொட்டியில். மருந்து, ஆசிரியர், தபால், பிரசவ வலி எடுத்தவள், எல்லோரும் அந்தத் தராசில் ஏறித்தான் மலையைத் தாண்ட வேண்டும்.

கேப்டனின் மனைவி தையல்கடை வைத்திருந்தார். விமானம் கல்யாணத்துக்கு முன்பே வந்துவிட்டதால் அதை அவர் ‘அக்கா’ என்பார். “அக்காவுக்கு எண்ணெய் ஊத்தியாச்சா? அப்போ வீட்டுக்காரிக்கு ஒரு வாய் காப்பி வாங்கிக் குடுங்க.” கேப்டனும் சளைத்தவர் அல்ல. கடவுள், பேய், நல்ல நேரம் எதையும் நம்பாத அந்த மனிதர், இறக்கையில் தலை இடித்துக்கொண்டால் இறக்கையிடம் மன்னிப்புக் கேட்பார்.

இப்படி ஓடிக்கொண்டிருந்த பிழைப்புக்குக் கண் டாக்டர் ஒரு முற்றுப்புள்ளி வைத்தார். வருஷா வருஷம் உரிமத்துக்குக் கண் பரிசோதனை உண்டு. கேப்டன் போய் நாற்காலியில் உட்கார்ந்தார், ஒரு கண்ணைப் பொத்தினார், எழுத்துகளைக் கடகடவென்று வாசித்தார். கடைசி வரிக்கு வந்தபோது டாக்டர் பக்கத்து அறையிலிருந்து உள்ளே நுழைந்தார். கையில் சுருட்டிய எழுத்து அட்டை.

“சுவருக்கு வெள்ளை அடிச்சாங்க, இப்பத்தான் மாட்டலாம்னு எடுத்துட்டு வரேன்,” என்றார் டாக்டர். “நீங்க எதைப் படிச்சீங்க கேப்டன்?”

வெறும் சுவரைப் படித்திருந்தார். பல வருஷமாக அட்டையை மனப்பாடம் செய்து வைத்திருந்தது அன்றைக்கு அம்பலமானது. உரிமம் போயிற்று.

பறக்காத விமானத்துக்கு இடமில்லை, காலி செய் என்றது விமானத்தள அலுவலகம். விற்றே ஆக வேண்டும். கேப்டன் கேட்டது ஒன்றே ஒன்று: வாங்குகிறவர் அதைப் பறக்க விட வேண்டும். வந்தவர்களோ ஒரு மாதிரியானவர்கள். ஒருவர் அதன் வயிற்றைத் திறந்து பழச்சாறுக் கடை போட வேண்டும் என்றார். இன்னொருவர் மாப்பிள்ளையும் பெண்ணும் இறக்கையில் உட்கார்ந்து படம் எடுத்துக்கொள்ள வேண்டும் என்றார். மூன்றாமவர், தன் வீட்டு மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டியாக வைத்தால் அக்கம்பக்கத்தார் வயிறு எரிவார்கள் என்றார்.

“எடுத்த எடுப்பிலேயே முடியாதுங்கறீங்களே,” என்றார் மனைவி. “பழைய இரும்புக்காரன் நேத்து ரெண்டு தரம் எட்டிப் பார்த்துட்டுப் போனான்.”

அந்த நேரத்தில்தான் பஞ்சு குருவின் ஆட்கள் வந்தார்கள்.

பஞ்சு குருவுக்கு எடை கிடையாது. அவருடைய பெருமையே அதுதான். தியானத்தில் உட்கார்ந்தால் தரையை விட்டு ஒரு சாண் மேலே மிதப்பார். எப்போதும் விரிந்த அங்கியோடுதான் மிதப்பார், அங்கியைத் தூக்கிப் பார்த்தவர் யாரும் இல்லை. அவருடைய ஆசிரமத்துக்கு மட்டும் ஒரே மாதத்தில் தார்ச் சாலை வந்தது. தரையில் கால் படாத மனிதருக்குச் சாலை, நடந்தே தேய்ந்த ஜனங்களுக்குச் சுவரொட்டி.

“பறக்கிறவருக்கு விமானம் எதுக்குங்க?” என்று மனைவி செயலாளரிடம் நேராகவே கேட்டார்.

“குருவுக்கு வேண்டாம்மா,” என்றார் செயலாளர், சிறிதும் அசராமல். “கூடப் போறவங்களுக்கு வேணும். குரு முன்னாடி போயிடுவார். நாங்க எப்படிப் போய்ச் சேர்றது?”

ஆனால் அவர்கள் சொன்ன ஏற்பாடு கேப்டனைக் கட்டிப் போட்டது. விமானம் ஓயாமல் பறக்கும். மலைக்கு அந்தப் பக்கமும் போகும். ஓட்டுவதற்குக் கேப்டனின் தம்பி மகளையே சம்பளத்துக்கு வைத்துக்கொள்வார்கள். அவள் வயலுக்கு மருந்து தெளிக்கிற விமானம் ஓட்டிக்கொண்டிருந்தவள், அதிகம் பேசாதவள். கேப்டன் தலையாட்டிவிட்டார்.

வெள்ளோட்டத்துக்குக் குருவே வந்தார். கூடவே பக்தர் கூட்டம், புல் தெரியாத அளவுக்கு. தம்பி மகள் இயந்திரத்தைச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். ஓடுபாதை குட்டை, பெட்ரோல் நிறைய. கேப்டன் வழக்கம்போல் தராசைக் காட்டினார்.

“ஏறி நில்லுங்க.”

செயலாளர் கேப்டனின் காதருகே வந்தார். “பூஜ்யம்னு போட்டுக்கோங்க.”

“நான் போட்டுக்குவேன். இருக்கை ஒத்துக்கணுமே.”

“சரி, கொட்டகைக்குப் பின்னாடி வச்சு, முள்ளு மேல துணியைப் போட்டு மூடிட்டு எடை பார்த்துடலாம்.”

“துணியைப் போட்டு மூடினா நான் என்னத்தைப் பார்க்கறது?”

“உங்களுக்குத்தான் கண்ணு தெரியாதே!”

கேப்டன் திகைத்தார். ஒரு சின்னப் பொய். அதைச் சொன்னால் விமானம் வானத்தில். சொல்லாவிட்டால் பழச்சாறுக் கடை, இல்லையென்றால் பழைய இரும்பு. பொய்யைச் சுமந்துகொண்டு அந்தக் குட்டைப் பாதையில் கிளம்பப் போகிறவளோ தம்பி மகள். அவர் மனைவியைப் பார்த்தார், அவராவது ஒரு வழி சொல்ல மாட்டாரா என்று.

மனைவி, உட்கார்ந்திருந்த நாற்காலியிலிருந்து எழுந்திருக்காமலே சொன்னார்: “என்னை ஏன் பார்க்கறீங்க? ஊரையே தராசுல ஏத்தினீங்க. உங்க முறை வந்தப்போ சுவரைப் பார்த்துப் படிச்சீங்க. அவர் மட்டும் எதுக்கு ஏறணும்?”

சுருக்கென்று பட்டது. கேப்டன் மளமளவென்று போய்த் தானே தராசில் ஏறி நின்றார். கூட்டத்தைப் பார்த்து உரக்கச் சொன்னார்:

“எனக்குக் கண்ணு தெரியாது! தெரியும்னு பல வருஷம் ஏமாத்தினேன்! வெறும் சுவரைப் படிச்சவன் நான்!”

கூட்டம் ஒரு நொடி யோசித்தது. பிறகு கைதட்டல் விண்ணைப் பிளந்தது. “குரு வந்த நேரம், ஐயாவுக்குக் கண் திறந்திடுச்சு!” என்று ஒருவர் உருகினார். இரண்டு பேர் கேப்டனின் காலில் விழுந்தார்கள். தராசில் நிற்கிறவர் காலில் விழுந்தால் முள் ஆடும் என்று அவர் கத்தியது யார் காதிலும் விழவில்லை.

அந்தச் சந்தடியில் குரு தராசைச் சுற்றிக்கொண்டு போய், ராஜா மாதிரி, நேரே பின் இருக்கையில் ஏறி உட்கார்ந்துவிட்டார். அவருக்குப் பின்னால் காணிக்கைப் பெட்டிகள் இரண்டை ஏற்றினார்கள். முன்னால் யாரும் இல்லை.

விமானம் ஒரு பெருமூச்சு விட்டது. வால் மெதுவாக இறங்கிப் புல்லில் உட்கார்ந்தது. மூக்கு மெதுவாக எழுந்து வானத்தைப் பார்த்தது.

“பறக்கிறார்! குரு பறக்கிறார்!” என்று அலறியது கூட்டம்.

ஒரு மனிதன் தன் எடையால் ஒரு விமானத்தையே குடை சாய்க்கிறான். அதைப் பார்த்துக் கன்னத்தில் கண்ணீர் வழிய, பறக்கிறான் என்கிறார்கள். கேப்டனுக்குக் கண் மங்கல்தான், ஆனால் அவ்வளவு மங்கல் இல்லை.

“யாரும் விமானத்தைத் தொடாதீங்க!” என்று ஓடினார். குருவைப் பார்த்து, “யோவ், அசையாதே!” என்றார். சடக்கென்று இறங்கினால் மூக்கு தரையில் மோதி சுழலும் விசிறி வளைந்துவிடும். வாலைக் கையால் தூக்கினால் தகடு நசுங்கும். முன்னால் கனம் ஏற்றுவது ஒன்றுதான் வழி.

தம்பி மகள் ஏறி முன்னால் உட்கார்ந்தாள். மூக்கு அசையவில்லை. பக்கத்தில் செயலாளரை, எடை போட்டுத்தான், உட்கார வைத்தார் கேப்டன். மூக்கு கொஞ்சம் யோசித்தது, இறங்கவில்லை. அவளை இறக்கிவிட்டு, ஆசிரமத்துச் சமையல்காரரைத் தராசில் ஏற்றினார். முள் போன தூரத்தைப் பார்த்துக் கேப்டனுக்கே மரியாதை வந்தது. சமையல்காரர் ஏறி உட்கார, மூக்கு மெல்ல, மெல்லத் தரைக்கு வந்தது. விமானமே தராசாகிவிட்டது. ஒரு தட்டில் குரு, ஒரு தட்டில் சோறு.

“பெட்டி ரெண்டையும் கழிச்சுப் பார்த்தாலும்,” என்றார் கேப்டன் எல்லோருக்கும் கேட்கும்படி, “உங்க குரு என்னைவிட ஒண்ணரை மடங்கு.”

முன்வரிசையில் நின்ற ஒரு பக்தை செயலாளரைக் கேட்டாள். “அப்போ ஐயாவுக்கு எடை இருக்கா?”

சமையல்காரரின் தோளுக்கும் கதவுக்கும் நடுவே நசுங்கிய செயலாளர் ஜன்னல் வழியே தலையை நீட்டினார். “அது அவர் எடை இல்லம்மா. நீங்கள்லாம் கொண்டுவந்து கொட்டின கவலையோட எடை.”

“அப்படின்னா என் கவலையைத் திருப்பிக் குடுத்துடுங்க,” என்றாள் அவள். “உங்ககிட்ட குடுத்துட்டுப் போனதிலிருந்து அது வீட்லயும் குறையல.”

பத்துப் பேர் சிரித்தார்கள், மற்றவர்கள் சிரித்தவர்களை முறைத்தார்கள். குரு பின்பக்கமாக இறக்கப்பட்டு, தார்ச் சாலை வழியே காரில் திரும்பினார். வியாபாரம் முறிந்தது. மறுநாள் ஆசிரமச் சுவரில் ஒரு பெரிய படம் மாட்டினார்கள், மூக்கு வானத்தைப் பார்க்கும் விமானம். படத்தில் வால் மட்டும் வெட்டப்பட்டிருந்தது.

கூட்டம் போனபின் கேப்டன் புல்லில் உட்கார்ந்தார். “ஆளில்லாமப் போச்சு. இனி இரும்புக்காரன்தான்.”

தம்பி மகள் கையைத் துடைத்துக்கொண்டே, “எனக்குக் குடுங்க பெரியப்பா,” என்றாள். “மருந்து ஏத்திட்டுப் போய்க் கொஞ்சம் கொஞ்சமா கட்டிடறேன்.”

“இதை ஏம்மா முதல்லயே சொல்லல?”

“நீங்க விசாரிச்ச ஆளுங்கள்ல நான் இல்லையே.”

மனைவி வேறு பக்கம் திரும்பிச் சிரித்தார். கேப்டன் சிரிக்கவில்லை. பழச்சாறுக் கடைக்காரன் வரைக்கும் யோசித்தவருக்கு, விமானம் ஓட்டத் தெரிந்த பெண் பக்கத்திலேயே நின்றது தெரியவில்லை. “டாக்டர் சொன்னதுக்கு ரொம்ப முன்னாடியே கண்ணு போயிருக்கு,” என்றார்.

“ஒரு நிபந்தனை,” என்றாள் அவள். “தராசும் வேணும்.”

அவர் விமானத்துக்கு அழுததைவிடத் தராசுக்குத்தான் அதிகம் அழுதார். கைமாறுவதற்கு முன் ஒரு சுற்றுப் பறக்கலாம் என்று தம்பி மகள் அவரையும் பெரியம்மாவையும் எடை போட்டாள். பெரியம்மா முன்னால், அவர் பின்னால். அந்தப் பின் இருக்கையில் அவர் உட்கார்ந்ததே இல்லை. அங்கே இல்லாத ஓட்டுநர் மிதிகளை அவருடைய பாதங்கள் மலை வரைக்கும் தேடிக்கொண்டே இருந்தன. “அக்கா நல்லாத்தான் இருக்கா,” என்றார் மனைவி, முன்னாலிருந்து திரும்பாமலே. இறங்கியதும் கேப்டன் இறக்கையில் தலையை இடித்துக்கொண்டு, வழக்கம்போல் மன்னிப்புக் கேட்டார்.

இப்போது அவர் வீட்டு வாசலில், குளியலறையில் வைக்கிற சின்னத் தராசு ஒன்று கிடக்கிறது. சாலை போடுகிறேன் என்று ஓட்டுக் கேட்டு வருகிறவரானாலும், நோயைத் தொட்டே தீர்க்கிறேன் என்று வருகிறவரானாலும் அவருக்கு ஒரே வரவேற்புத்தான்: “ஏறி நில்லுங்க.” பாதிப் பேர் அங்கேயே திரும்பிவிடுகிறார்கள்.

உங்கள் ஊருக்கும் ஒரு பஞ்சு குரு வருவார். அங்கி போட்டுத்தான் வர வேண்டும் என்று இல்லை, கோட்டுப் போட்டும் வருவார். எடையே இல்லாதவர்போல் வந்து, உங்கள் தோளில் உட்காருவார். ஆகவே இதை மூடி வைத்துவிட்டு எழுந்திருங்கள். வீட்டில் இருக்கிற தராசை எடுத்து வாசலில் போடுங்கள். வருகிறவரை ஏறச் சொல்லுங்கள். அதற்கு முன்னால், சுவரைப் பார்த்துப் படிக்காமல், நீங்கள் ஏறுங்கள்.