வேர் விடாத பதியம்

மேற்குத் தாம்பரத்துல எங்க வீட்டை பில்டருக்குக் கொடுக்கறதுன்னு முடிவான அன்னிக்கு அம்மா ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாங்க. "வீடு போகட்டும்டா. உங்கப்பா வச்ச மாமரத்தை மட்டும் எப்படியாவது காப்பாத்து." அப்பா போய்ச் சில வருஷம் ஆகியிருந்தது. ஊரப்பாக்கத்துல தம்பி வீட்டுக்குப் பின்னாடி கொஞ்சம் மண் இருக்கு, அங்க கொண்டுபோய் வைக்கலாம்னு அம்மாவுக்கு ஆசை.

"கொட்டையைப் போட்டா முளைச்சிட்டுப் போகுது"ன்னான் தம்பி. முளைக்கும், அதே பழம் வருமா? அதே மரம் வேணும்னா அதோட கொம்புலயே பதியம் போடணும். ப்ளஸ் டூ பிள்ளைங்களுக்கு வருஷா வருஷம் பயாலஜி நடத்தறவன் நான். இதுகூடத் தெரியலன்னா என்ன வாத்தியார்?

ஆடி பிறந்ததும், கைக்கெட்டற உயரத்துல இருந்த ரெண்டு கொம்புல பட்டையை மோதிரம் மாதிரி சுத்திச் சீவி எடுத்தேன். படப்பை நர்சரியில வாங்கின வேர் விடவைக்கற பவுடரைத் தடவி, ஈரத் தேங்காய் நார்த்தூளை அப்பி, பாலிதீன் சுத்திச் சின்ன மூட்டையா கட்டினேன். பவுடர் சும்மா ஒரு தூண்டுதல்தான். அசல் சரக்கு கொம்போட நுனிக் கொழுந்துல ஊறிக் கீழ இறங்கி வரணும். ஆக்சின்னு பேரு. இலை சமைக்கற சாப்பாடும் கூடவே இறங்கும். பட்டை இல்லாத இடத்துல வழி அடைபட்டு ரெண்டும் தேங்கும், அங்கதான் வேர் விடும். அம்மாகிட்ட இவ்வளவு விளக்கல. "மூட்டை மேல மட்டும் கை வைக்காதீங்க"ன்னேன்.

வைக்கல, பாவம். தினமும் காலையில அதைப் போய்ப் பார்த்துட்டுதான் காபியே குடிப்பாங்க. காக்கா உட்கார்ந்தாக்கூட விரட்டுவாங்க.

எங்க தெருவுல விசேஷம்னா மாவிலைக்கு எல்லாரும் எங்க வீட்டுக்குத்தான் வருவாங்க. இல்லைன்னு சொல்ற பழக்கமே எங்களுக்குக் கிடையாது. ஆவணிக் கடைசியில எதிர் அபார்ட்மென்ட்ல ஒரு கிரகப்பிரவேசம். நான் ஸ்கூல்ல இருந்தேன். ஸ்டூல் போட்டு ஏறின அம்மாவுக்கு எட்டினது அந்த ரெண்டு கொம்புதான். கலசத்துக்குக் கொழுந்தோட கொத்தா வேணுமேன்னு நுனியை ஒடிச்சு, தோரணத்துக்கு மிச்ச இலையையும் பறிச்சுக் கொடுத்துட்டாங்க. சாயங்காலம் நான் வந்ததும் பெருமையா வேற சொன்னாங்க, "மூட்டை மேல விரல்கூடப் படலடா!"

ஐயோ, ரெண்டு கொம்பும் மொட்டையா நின்னுது. "நல்லதும்மா"ன்னு சொல்லிட்டு உள்ள போயிட்டேன். புரட்டாசிக்குள்ள வீட்டைக் காலி பண்ணணும். மறுபடி பதியம் போட்டு வேர் பிடிக்க ஏது நாள்?

காலி பண்ற அன்னிக்கு அம்மா முன்னாடிதான் பிரிச்சேன். கொம்பு காய்ஞ்சு கிடந்தது, ஒரு வேர் இல்ல. "ஏன்டா?"ன்னாங்க. "நார்த்தூள் சரியில்லம்மா. நான்தான் சொதப்பிட்டேன்."

அப்புறம் விடுவாங்களா! நாங்க குடிபோன வாடகை வீட்டுக்கு யார் வந்தாலும் இதே கதைதான். "பயாலஜி வாத்தியாராம்! ஒரு கொம்புல வேர் வரவைக்கத் துப்பில்ல." வந்தவங்க சிரிப்பாங்க, நானும் சிரிப்பேன். என்னைத் திட்டித் திட்டித்தான் அவங்க அந்த மரம் போன துக்கத்தை ஆத்திக்கிட்டாங்க. திட்டட்டுமேன்னு விட்டுட்டேன்.

போன ஞாயித்துக்கிழமை ஹால்ல டியூஷன். தாவர ஹார்மோன் பாடம். ஆக்சின் நுனியில சுரந்து கீழ இறங்கறதாலதான் பதியத்துல வேர் விடுதுன்னு நடத்திக்கிட்டிருந்தேன். ஒரு பொண்ணு கேட்டா, "சார், நுனியையும் இலையையும் ஒடிச்சிட்டா?"

பாடம் நடத்தற வேகத்துல வாய் நிக்குமா? "அப்புறம் எங்கேர்ந்து வேர் வரும்? கொம்பு காய வேண்டியதுதான்."

சொன்னப்புறம்தான் மூலையில அம்மா உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ஞ்சுக்கிட்டிருக்கறது ஞாபகம் வந்தது. அவங்க கை அப்படியே நின்னிருந்தது. என்னைப் பார்த்தாங்க. நான் புத்தகத்தைப் புரட்டினேன்.

சாயங்காலம் மேல்வீட்டு அக்கா வந்தாங்க. நானே ஆரம்பிச்சேன், "அம்மா, எனக்குத் துப்பில்லாத கதையைச் சொல்லுங்களேன்."

"அதெல்லாம் எதுக்குடா இப்போ"ன்னு, தன்னோட கையைப் பார்த்துக்கிட்டே சொன்னாங்க.