இரண்டாவது ஜாய்ஸ்டிக்

நெய்வேலி டவுன்ஷிப்பில் விஜயராஜ் குடியிருக்கும் குவார்ட்டர்ஸுக்குள் நுழைந்தால் ஹாலில் இரண்டு டி.வி. கண்ணில் படும். சுவரில் தட்டையாக மாட்டியிருப்பது அவர் மனைவி மலர்விழியுடையது. மூலையில் முதுகு புடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பிக்சர் ட்யூப் டி.வி. அவருடையது. அதன் தலைமேல் சிவப்பும் வெள்ளையுமாக ஒரு கேம் பெட்டி இருக்கும். பெட்டியிலிருந்து இரண்டு ஜாய்ஸ்டிக்குகள் தொங்கும். இரண்டாவதின் ஒயர், கழுத்துப் பக்கம் அறுந்து கறுப்பு டேப் சுற்றப்பட்டிருக்கும். அந்த டேப்பைச் சுற்றியது விஜயராஜ் இல்லை. அதனால்தான் அதைப் பிரித்துப் புதிதாகச் சுற்ற யாரையும் அவர் விடுவதில்லை.

"இதைத் தூக்கிப் போட்டா அந்த எடத்துல ஒரு பீரோ வெக்கலாம்" என்பார் மலர்விழி, வீடு பெருக்கும்போதெல்லாம்.

"உன் டி.வி.ல ஆடிப் பாரு. பட்டனை அமுக்கினா ஆளு கொஞ்சம் யோசிச்சிட்டுக் குதிக்கிறான். குழியில விழுந்தப்புறம் எதுக்கு அவன் குதிக்கணும்?"

"குழியில விழறவன் எந்த டி.வி.யா இருந்தாலும் விழுவான்."

விஜயராஜ் ஜாய்ஸ்டிக்கைக் கையில் எடுத்துக்கொள்வார். தெர்மல் மின்நிலையத்தில் எலக்ட்ரிகல் பிரிவில் வேலை பார்க்கும் அவருக்கு, உலகத்தில் கருத்து இல்லாத விஷயம் ஒன்றுகூடக் கிடையாது. கேம் கேசட் வேலை செய்யாவிட்டால் எல்லோரும் வாயால் ஊதுவார்கள். ஊதுவதால் ஒன்றும் ஆகாது, கழற்றி மறுபடி சொருகுவதால்தான் ஓடுகிறது என்பார். இப்போது வரும் ஆட்டங்களைப் பற்றிக் கேட்டால், "ஆடறதுக்கு முன்னாடியே ஃபோன் நம்பர் கேக்குது. நான் ஆட வந்தேனா, பொண்ணு பாக்க வந்தேனா?" என்பார்.

அரசியலையும் அவர் கேசட்டை வைத்தே அளப்பார். அந்தக் காலத்தில் ஒரு கேசட் வந்தது. மேலே 9999 ஆட்டம் என்று போட்டிருக்கும். வாங்கி வந்து போட்டுப் பார்த்தால் உள்ளே இருப்பது ஏழே ஏழு. அதையே பெயர் மாற்றி, நிறம் மாற்றி, நாலாவது கட்டத்திலிருந்து ஆரம்பித்து ஒன்பதாயிரம் தடவை எழுதியிருப்பார்கள். "தேர்தல் அறிக்கையைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த அட்டைதான் ஞாபகம் வரும்" என்பார். எந்தக் கட்சிக்காரர் எதிரே உட்கார்ந்திருந்தாலும் சொல்வார். எல்லாக் கட்சிக்காரரும் அது அடுத்த கட்சியைச் சொன்னது என்று நினைத்துச் சிரிப்பார்கள்.

நாற்காலியை விடாத தலைவர்களுக்கும் அவரிடம் ஒரு தீர்வு உண்டு. "லைஃப் போச்சுன்னா ஜாய்ஸ்டிக்கைக் குடுத்துட்டு எந்திரிக்கணும். பத்து வயசுப் பசங்க சண்டை போடாம அதைச் செஞ்சோம். பதவியில உக்காந்தவங்களுக்கு அது தெரியலையே."

அப்படிச் சண்டை போடாமல் ஆடிய பையன்கள் கூடிய இடம் இதே டவுன்ஷிப்தான், வேறொரு பிளாக். விஜயராஜின் அப்பா ராஜாங்கம் ஒரு வருஷம் போனஸ் பணத்தில் பாண்டிச்சேரிக்குப் போய் அந்தப் பெட்டியை வாங்கி வந்தார். அன்றிலிருந்து அந்த வீட்டு வாசலில் செருப்புகள் குவிந்தன. அந்தக் குவியலில் தினமும் இருந்த ஒரு ஜோடி இளவழகனுடையது. அவர் வளையமாதேவிக்காரர். விவசாயக் குடும்பம். பஸ் ஏறி வந்து விஜயராஜ் வகுப்பில் படித்தார். பள்ளி விட்டதும் நேராக இங்கே வந்துவிடுவார். ஊரில் டி.வி. இருந்தது. ஆனால் சாயங்காலமானால் கரண்ட் இருக்காது. டவுன்ஷிப்பில் கரண்ட் போவதே அபூர்வம்.

அவர்கள் உயிராக ஆடியது, இரண்டு சிப்பாய்கள் துப்பாக்கியோடு ஓடும் ஓர் ஆட்டம். முதல் சிப்பாய் விஜயராஜ், இரண்டாவது இளவழகன். அந்த ஆட்டத்தைச் சேமித்து வைக்க வழி கிடையாது. பெட்டியை அணைத்தால் போச்சு, முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஆட்டம் சூடு பிடிக்கும் நேரத்தில்தான் இளவழகனின் பஸ் நேரம் வரும். அதற்கு டவுன்ஷிப் பையன்கள் ஒரு வழி வைத்திருந்தார்கள். ஸ்டார்ட் பட்டனைத் தட்டி ஆட்டத்தை நிறுத்துவார்கள். அதற்கு 'பாஸ் போடுவது' என்று பெயர். பிறகு டி.வி.யை மட்டும் அணைத்துவிட்டு, பெட்டியை ஆனிலேயே விட்டுவிடுவார்கள். ராத்திரி முழுக்க அதன் சிவப்பு விளக்கு எரியும். மறுநாள் சாயங்காலம் டி.வி.யைப் போட்டால் இரண்டு சிப்பாய்களும் விட்ட இடத்திலேயே நிற்பார்கள். வெளியூர்ப் பையன் எவனும் இப்படி ஒரு வழியைக் கனவில்கூட யோசித்திருக்க மாட்டான். அவன் ஊர்க் கரண்ட் அவனை நம்ப விடாது.

ஒரே தொல்லை, அடாப்டர் சூடாகிவிடும். அதற்கு விஜயராஜ் டேபிள் ஃபேனைத் திருப்பி வைத்துவிட்டுப் படுப்பார்.

"அடுப்படியில வெந்துக்கிட்டு நிக்கிறவளுக்கு ஃபேன் இல்லை, கரண்ட்டு கட்டைக்கு காத்தா?" என்று அவருடைய அம்மா ஜானகியம்மாள் கத்துவார். ஆனால் ஃபேனைத் திருப்ப மாட்டார். இளவழகன் மறுநாள் வந்து ஏமாந்து நிற்பான் என்று அவருக்கும் தெரியும்.

இருவரும் வளர்ந்தார்கள். விஜயராஜுக்கு பெர்மனன்ட் வேலை கிடைத்தது. இளவழகன் நிலத்தைப் பார்த்துக்கொண்டார். விஜயராஜுக்கு மலர்விழியோடும் இளவழகனுக்கு பவித்ராவோடும் கல்யாணம், பிறகு குழந்தை எல்லாம் வந்தன. ஆனாலும் மாதத்துக்கு ஒரு முறையாவது இளவழகன் பைக்கில் வந்துவிடுவார். ஃபோன் செய்து கேட்டுவிட்டு வரும் பழக்கம் இல்லை. விஜயராஜுக்கு இந்த வாரம் எந்த ஷிஃப்ட் என்பதை விரல் விட்டு எண்ணி, சரியாக அவர் வீட்டில் இருக்கும் நேரத்துக்கு வந்து நிற்பார்.

அந்த வருகை நின்று மூன்று வருஷம் ஆகிறது.

வளையமாதேவிப் பக்கம், தெர்மலுக்குக் கரி தரும் சுரங்கத்துக்காக நிலம் எடுத்தபோது இளவழகன் வீட்டு நிலமும் போனது. ஒருநாள் பள்ளி நண்பர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் அவர் ஒரு ஃபோட்டோ போட்டார். அறுத்து முடித்த வயல். கீழே 'கடைசி அறுவடை' என்று இரண்டே வார்த்தை. விஜயராஜ் அப்போது ஷிஃப்டில் டீ குடித்துக்கொண்டிருந்தார். பார்த்தவுடனே பதில் போட்டார். 'கரண்ட் வேணும்னா எங்கயாவது தோண்டித்தானே ஆகணும் மச்சான். சும்மாவா எடுக்கறாங்க, காசு குடுக்கறாங்கல்ல. ஃபீல் பண்ணாதே.' கூடவே ஒரு கட்டை விரல் படம். டீயைக் குடித்து முடித்துவிட்டுப் பார்த்தால், 'இளவழகன் வெளியேறினார்' என்று திரையில் இருந்தது.

தான் சொன்னது தவறு என்று விஜயராஜுக்கு முதலில் தோன்றவில்லை. கருத்து என்றால் கருத்துதானே? அவன் எதிர்த்து நாலு வார்த்தை பேசியிருக்கலாமே? ஒரு வாரம் கழித்து ஃபோன் செய்தார். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. மறுபடி இரண்டு தடவை. அதற்குப் பிறகு செய்யவில்லை. ஆனால் ஒன்று மாறியது. ஆட்டத்தைத் தனியாக ஆட உட்கார்ந்தாலும் அவர் இரண்டு பேர் ஆடும் ஆட்டத்தையே தேர்ந்தெடுத்தார். இரண்டாவது சிப்பாய் ஆரம்பத்தில் நின்ற இடத்திலேயே நிற்பான். திரை நகர நகர ஒவ்வொரு உயிராக இழந்து காணாமல் போவான்.

போன சனிக்கிழமை காலை விஜயராஜ் முதல் ஷிஃப்டுக்குப் போயிருக்க வேண்டும். உடன் வேலை பார்க்கும் ஹரியின் மகளுக்கு அன்று சாயங்காலம் ஆண்டு விழா. அதனால் இருவரும் ஷிஃப்டை மாற்றிக்கொண்டார்கள். மதியம் போனால் போதும். மகள் இசைப்பிரியாவை இழுத்து உட்காரவைத்து, இரண்டாவது ஜாய்ஸ்டிக்கை அவள் கையில் கொடுத்து, அருவிக் கட்டத்தில் இருந்தார்.

அருவிக் கட்டத்தில் திரை பக்கவாட்டில் நகராது, மேலே ஏறும். ஒருவர் பாறை பாறையாகத் தாவி ஏறினால் திரையும் அவரோடு ஏறிவிடும். கீழே பின்தங்கியவர் திரைக்கு வெளியே போய் உயிரை விடுவார்.

"அப்பா, நில்லுங்கப்பா! நீங்க ஏறினா நான் சாவறேன்" என்று இசைப்பிரியா கத்தினாள்.

"நீ வேகமா வா."

"போங்க, உங்களோட மனுஷன் ஆடுவானா!"

அப்போது வெளியே பைக் நிற்கும் சத்தம் கேட்டது. விஜயராஜ் பாஸ் போட்டார். மலர்விழி கதவைத் திறந்தார். தட்டில் வெற்றிலை பாக்கும் பத்திரிகையுமாக இளவழகன் நின்றிருந்தார்.

"நல்லா கீறியாம்மா? சேத்தியாத்தோப்புல வூடு கட்டிக்கீறோம். வர்ற வெள்ளிக்கெழமை பால் காய்ச்சறோம். பவித்ராவும் வந்திருக்கணும், அங்க ஆளுங்களப் பாத்துகினு இருக்குது. அவன் ஷிஃப்ட் முடிஞ்சி வந்தா சொல்லிரு..." என்று சொல்லிக்கொண்டே தட்டை நீட்டியவர், உள்ளே பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார். லுங்கியோடு தரையில் உட்கார்ந்து விஜயராஜ் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

விஜயராஜ் இல்லாத நேரம் பார்த்து இளவழகன் வந்திருக்கிறார் என்பது எல்லோருக்கும் புரிந்துவிட்டது. மலர்விழிதான் வாயைத் திறந்தார்.

"ஹரி அண்ணனோட மாத்திக்கிட்டாருண்ணே. இல்லேன்னா உங்க கணக்கு சரிதான். மூணு வருஷமா பேச்சை விட்டீங்க, ஷிஃப்டை மட்டும் விடாம எண்ணிக்கிட்டு இருந்திருக்கீங்க!"

இளவழகன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். வெட்கமா, கோபமா என்று சொல்ல முடியாது. "பத்திரிகை வெக்க இன்னும் மூணு வூடு கெடக்குது" என்றார்.

"ஒரு டீ குடிச்சிட்டுப் போங்கண்ணே. கிரகப்பிரவேசப் பத்திரிகை குடுத்துட்டு வாசலோட போவாங்களா யாராவது?"

இசைப்பிரியா எழுந்து, ஜாய்ஸ்டிக்கை இளவழகன் கையில் திணித்தாள். "மாமா, நீங்க இவரோட ஆடுங்க. எனக்கு ஒரு லைஃப்தான் மிச்சம். இவரு என்னைக் கொன்னுட்டாரு."

இளவழகன் கையிலிருந்த ஒயரைப் பார்த்தார். கழுத்தில் என்றோ தான் சுற்றிய கறுப்பு டேப்பை விரலால் தடவினார். பிறகு மெதுவாகத் தரையில் உட்கார்ந்தார்.

விஜயராஜ் ஸ்டார்ட் பட்டனைத் தட்டினார். ஆட்டம் ஓடியது. கை பழக்கத்தில் அவர் இரண்டு பாறை தாவி ஏறினார். கீழே இருந்த சிப்பாய் திரைக்கு வெளியே போய்ச் செத்தான்.

"அன்னைக்கும் இப்படித்தான்டா" என்றார் இளவழகன், திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல். "நீ மேல போயிகினே இருந்த. கீழ ஒருத்தன் நிக்கறானானு பாக்கல."

விஜயராஜின் நாக்கு நுனியில் பத்துப் பதில்கள் வந்து நின்றன. எல்லாமே நியாயமான பதில்கள்தான். அவற்றை விட்டுவிட்டு அவர் திரையைப் பார்த்தார்.

அந்த ஆட்டத்தில் இன்னொரு வழி உண்டு. உயிர்கள் தீர்ந்தவன் இரண்டு பட்டனையும் சேர்த்து அமுக்கினால், கூட ஆடுபவனிடமிருந்து ஓர் உயிரை எடுத்துக்கொண்டு திரும்பி வரலாம். இளவழகன் அமுக்கவில்லை. ஜாய்ஸ்டிக்கை மடியில் வைத்திருந்தார்.

"எடுத்துக்கோ மச்சான். எங்கிட்ட மூணு இருக்கு" என்றார் விஜயராஜ்.

"வேணாம்."

"எடுத்துக்கோடா."

இளவழகன் ஜாய்ஸ்டிக்கை மடியிலிருந்து எடுத்து, பட்டன்களை அமுக்கினார். இரண்டாவது சிப்பாய் அருவிக்கு நடுவே வந்து குதித்தான். இந்த முறை விஜயராஜ் ஏறவில்லை. மேலிருந்து கல் உருண்டு வந்தபோதும் நின்ற இடத்திலேயே நின்று, ஓர் உயிரை விட்டார். இளவழகனின் சிப்பாய் அவர் பக்கத்துப் பாறைக்கு வந்து சேர்ந்த பிறகுதான் அடுத்த பாறைக்குத் தாவினார். பிறகு காத்திருந்தார். பிறகு தாவினார்.

"அப்பா, எனக்கு மட்டும் ஏன் இப்படி நிக்கல?" என்றாள் இசைப்பிரியா.

"மச்சான், அன்னைக்கு குரூப்புல நான்..." என்று விஜயராஜ் ஆரம்பித்தார்.

"கல்லு வருது பாரு. ஆட்டத்தப் பாருடா."

அருவியின் உச்சிக்கு இருவரும் ஏறியபோது டீ ஆறிப்போயிருந்தது. இளவழகன் ஆறிய டீயை ஒரே மடக்கில் குடித்தார். புது வீட்டைப் பற்றி அவராகவே சொன்னார். வந்த பணமும் பத்தாமல் மேலே கடன் வாங்கியிருக்கிறார். கதவைத் திறந்தால் வயல் தெரியாது, அடுத்த வீட்டுச் சுவர்தான் தெரியும். சமையலறை மட்டும் பவித்ரா கேட்ட மாதிரி அமைந்துவிட்டது.

"இன்வெர்ட்டர் ஒண்ணு போட்டுக்கீறேன். எது நல்லதுன்னு உன்னக் கேக்கலாம்னு நெனச்சேன். அப்புறம் கேக்காமலே வாங்கிட்டேன்."

"என்ன கம்பெனி?"

இளவழகன் சொன்னார். அடுப்பங்கரையில் நின்ற மலர்விழி திரும்பிப் பார்த்தார். அந்தக் கம்பெனிக்காரர்களின் பேட்டரியைப் பற்றி விஜயராஜ் திட்டாத நாளில்லை. அக்கம்பக்கத்தில் எத்தனையோ பேரை அதை வாங்கவிடாமல் தடுத்தவர் அவர்.

"நல்லா உழைக்கும்" என்றார் விஜயராஜ்.

இளவழகன் அவரை ஏற இறங்கப் பார்த்தார். முதல் தடவையாக லேசாகச் சிரித்தார். "பொய் சொல்ல எப்படா கத்துகினே?"

"இப்பத்தான்."

இளவழகன் எழுந்து வேட்டியைச் சரிசெய்துகொண்டார். "வியாழக்கெழமையே வந்துரு. வாசல்ல சீரியல் லைட்டு போடணும். கூலிக்கு வர்றவன் கண்டபடி இழுத்துட்டுப் போயிடறான்." வாசல்வரை போனவர் திரும்பி மூலையைப் பார்த்தார். திரையில் அடுத்த கட்டம் தொடங்கி, பனியில் இரண்டு சிப்பாய்களும் பக்கத்துப் பக்கத்தில் நின்றார்கள்.

"அத அணைச்சிராத. பாஸ் போட்டு வையி. பால் காய்ச்சி முடிச்சிட்டு வர்றேன்" என்றார். செருப்பை மாட்டிக்கொண்டே, "உங்க ஊர்லதான் கரண்ட் போவாதே" என்றும் சொன்னார்.

அந்தக் கடைசி வார்த்தை குத்தலா, கேலியா என்று விஜயராஜுக்கு விளங்கவில்லை. இரண்டும்தான் என்று எடுத்துக்கொண்டார். பைக் சத்தம் தெருமுனை திரும்பும்வரை வாசலிலேயே நின்றார்.

மதியம் ஷிஃப்டுக்குக் கிளம்பும்முன் பாஸ் போட்டுவிட்டு, பழைய டி.வி.யை மட்டும் அணைத்தார். பெட்டியின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அடாப்டரைத் தொட்டுப் பார்த்தார். இப்போதே சுட்டது. உள்ளறையிலிருந்து டேபிள் ஃபேனைத் தூக்கி வந்து அதன் பக்கம் திருப்பி வைத்தார்.

"வெள்ளிக்கிழமை வரைக்குமா இது ஓடணும்?" என்று மலர்விழி இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டார்.

இதற்கும் விஜயராஜிடம் ஒரு கருத்து இருந்தது. சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு, "யாரும் சுவிட்ச் பக்கம் போகாதீங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார்.