இடப்பக்க பேரிங்

என் அக்கா வீட்டுக்காரரை எல்லோரும் 'காதுக்காரர்' என்றுதான் கூப்பிடுவார்கள். பழுதுக்கு வரும் ஜீப்பை ஒரு சுற்று ஓட்டிச் சத்தத்தைக் கேட்டுவிட்டு வந்து, கோளாறு எதில் என்று "பால் ஜாயின்ட்", "ஆக்சில்" என்று ஒரே வார்த்தையில் முடிப்பார். ஜாக்கி வைத்து ஆட்டிப் பார்க்கலாமே என்று நான் சொன்னால், "காது இருக்கறவனுக்கு ஜாக்கி எதுக்கு மச்சான்?" என்பார். பதினெட்டு வருஷமாகக் கூட்டாக ஒர்க்‌ஷாப் நடத்துகிறோம். அந்தத் தலைக்கனத்தைப் பொறுத்துக்கொண்டதற்கே எனக்கு மாலை போடலாம். என்ன செய்வது, மனிதர் சொன்னது ஒருநாளும் தப்பியதில்லை.

போன மாதம் தப்பியது. மலைமேல் இருக்கும் கிளினிக்கின் நர்ஸ் நாலு சக்கரமும் இழுக்கும் தன் ஃபோர் வீல் ஜீப்பைக் கொண்டு வந்தார். முன்பக்கம் 'ஊங்' என்று ஒரே இரைச்சல். அத்தான் ஓட்டிப் பார்த்தார். முன் சக்கரங்களுக்கு இழுவை கொடுத்தும் எடுத்தும் பார்த்தார், இரைச்சல் மாறவில்லை. "வலப்பக்க வீல் பேரிங்," என்றார். மாற்றினோம். மூன்றாம் நாள் நர்ஸ் அதே இரைச்சலோடு வந்து நின்றார்.

"இன்னும் கத்துதுங்க. திங்கட்கிழமை மருந்தோட மேல போகணும். நம்பி ஏறலாமா?"

அத்தான் மறுபடி ஓட்டினார். மறுபடியும், "வலப்பக்கந்தான்," என்றார். புத்தம்புது பேரிங்! சொன்ன கையோடு அவர் முகம் செத்துவிட்டது. சுவரில் மாட்டியிருந்த தன் ஸ்பேனர்களை எடுத்துத் துடைத்து ஒவ்வொன்றாகப் பெட்டியில் போட்டார்.

"இனிமே நீயே பாத்துக்க மச்சான். என்னால ஆகாது."

 எனக்கு எரிச்சல்தான் வந்தது. ஒரு பேரிங்குக்காகத் தொழிலையே விட்டுப் போகிறவரை என்னவென்று சொல்வது?

உதிரிபாக அறையைப் பார்த்துக்கொள்ளும் அக்கா வெளியே வந்தாள். அவருடைய வலப்பக்கமாகப் போய் நின்றாள்.

"உங்களுக்கு இடது காது கேக்கல. போனை எப்பவும் வலது காதுலதான் வைக்கறீங்க. நீங்க வண்டி ஓட்டறப்ப இடது சீட்டுல உக்காந்து நான் பேசினா பதிலே இல்ல. என்னை மதிக்கலைன்னு ஒரு வருஷமா பொருமிக்கிட்டிருந்தேன். இப்பதான் புரியுது. ஒத்தக் காதால கேட்டா எல்லாச் சத்தமும் அந்தப் பக்கந்தான் கேக்கும்."

அவர் தலை குனிந்தார். "தெரியும். ஒரு காதே போதும்னு நெனச்சேன்."

நான் ஜாக்கியை உருட்டிக்கொண்டு வந்தேன். "கை ரெண்டும் நல்லாத்தானே இருக்கு, அத்தான்?"

முன்பக்கத்தைத் தூக்கினோம். அவர் ஒரு கையைச் சக்கரத்தை ஒட்டியிருக்கும் காயில் ஸ்பிரிங்கில் வைத்து, மறு கையால் சக்கரத்தைச் சுற்றினார். வலப்பக்கம் ஒரு அதிர்வும் இல்லை. இடப்பக்கம் சுற்றியதும் என் கையை வெடுக்கென்று இழுத்து ஸ்பிரிங்கில் வைத்தார். மணல் அரைபடுகிற மாதிரி ஒரு நடுக்கம் உள்ளங்கையில் ஏறியது.

"இதான் மச்சான்! இதேதான்!"

அவர் கண் கலங்கியிருந்தது. எனக்கும்தான், சொல்ல என்ன வெட்கம்.

இடப்பக்க பேரிங்கை மாற்றியதும் ஓட்டிப் பார்க்கச் சாவியை நீட்டினேன். அவர் அதை அக்காவிடம் கொடுத்துவிட்டு, சுற்றிப் போய் இடது சீட்டில் உட்கார்ந்தார்.

"நீ ஓட்டு. இங்க உக்காந்தா என் நல்ல காது உன் பக்கம் இருக்கும்."

பத்து நிமிஷத்தில் வரவேண்டியவர்கள் ஒரு மணி நேரம் கழித்து வந்தார்கள்.

"சத்தம் ஏதாவது இருக்கா?" என்றேன்.

"வண்டியில ஒண்ணுமில்ல. உங்க அக்காதான் ஒரு வருஷப் பேச்சையும் சேத்து வச்சுப் பேசிட்டா," என்று வலது காதைத் தடவிக்கொண்டே இறங்கினார். பிறகு பெட்டியைத் திறந்து, ஸ்பேனர்களை மறுபடி சுவரில் மாட்ட ஆரம்பித்தார்.