லோரிக்கு முன்னால்

கலாதேவி எங்கே கிளம்பினாலும் கடைசியில் வந்து சேருவது புருஷன் சுகுமாரனின் லோரியில்தான். கல்யாணமாகி மெங்லெம்பு வீட்டு வாசலில் இறங்கியது அதிலிருந்துதான். பிரசவ வலியோடு ஆஸ்பத்திரிக்குப் போனதும் அதில்தான். அன்றைக்கு லோரியில் ஏற்றியிருந்த முட்டைக்கோசின் வாடை இன்றைக்கும் அவளுக்கு ஆகாது. அப்பா இறந்த செய்தி கேட்டு பீடோருக்கு ஓடியதும் அதே முன் இருக்கையில். இப்படிப் பதினெட்டு வருடம். ஆகவே போன வருடம் தாப்பா மலையேற்றப் பந்தயத்தில், முப்பத்தொன்றாவது கிலோமீட்டரில், சைக்கிளைக் கீழே போட்டுவிட்டு ரோட்டோரம் உட்கார்ந்திருந்தவளை ஏற்றிக்கொள்ள அதே லோரி ஹாரன் அடித்துக்கொண்டு வந்து நின்றபோது, அவளுக்கு அழுகை வரவில்லை. அலுப்புத்தான் வந்தது.

பந்தயம் என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை. ஈப்போவில் ஞாயிறுதோறும் சைக்கிள் ஓட்டும் கூட்டம் ஒன்று, ஆகஸ்ட் மாதத்தில் தங்களுக்குள் நடத்திக்கொள்வது. நாற்பது பேருக்கு மேல் சேராது. காலை ஏழு மணிக்குத் தாப்பாவில் கிளம்பி, வளைந்து வளைந்து ஏறி, ரிங்லெட்டில் முடிக்க வேண்டும். நாற்பத்தாறு கிலோமீட்டர். நேரம் குறிக்கும் கருவிக்கெல்லாம் வசதி இல்லாததால் செயலாளர் ரதீசன் ஒரு வழி வைத்திருந்தார். எல்லாரும் கிளம்பிக் கால் மணி நேரம் கழித்து ஒரு லோரி கிளம்பும். மணிக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர், கூடாமல் குறையாமல் ஏறி வரும். அது யாரைத் தாண்டுகிறதோ அவருக்கு ஆட்டம் முடிந்தது. சைக்கிளைத் தூக்கிப் பின்னால் போட்டுவிட்டு ஏறிக்கொள்ள வேண்டியதுதான். கடைசிவரை லோரிக்கு முன்னால் இருப்பவர்களின் பெயர் மட்டும் பட்டியலில் ஏறும். பட்டியலின் அடியில் லோரிக்காரர் கையெழுத்துப் போடுவார். யாழ்ப்பாணத்துக் குடும்பத்தைச் சேர்ந்த ரதீசன் நில அலுவலகத்தில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கையெழுத்து இல்லாத காகிதத்தை அவர் காகிதமாகவே மதிப்பதில்லை.

அந்த லோரிக்காரன்தான் சுகுமாரன். வாரத்தில் ஆறு நாள் கேமரன் மலையிலிருந்து ஈப்போவுக்குக் காய்கறி ஏற்றி வருகிறவன். ஞாயிற்றுக்கிழமை லோரி சும்மாதானே நிற்கிறது என்று பேசி ஏற்பாடு செய்தவளே கலாதேவிதான்.

போன வருடம் முன் இருக்கையில் ஏறி உட்கார்ந்ததும் ஒரு பன்னை நீட்டி, "நான் வராட்டி என்னா பண்ணியிருப்ப?" என்று கேட்டான். அதோடு விட்டானா? அதற்குப் பிறகு எந்தக் கல்யாண வீட்டில் இலை போட்டாலும் அவனிடம் அந்தக் கதை இருந்தது. "எம் பொண்டாட்டி கடேசி பதினஞ்சு கிலோமீட்டரு லோரியிலயே சைக்கிள் ஓட்டுனா லா." எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்து வைத்தாள்.

இந்த வருடம் அவள் முடிவு செய்திருந்தாள். லோரிக்கு முன்னால் ரிங்லெட் போய்ச் சேர வேண்டும். இந்தத் தடவையும் லோரி ஏற்றிக்கொண்டால் சைக்கிளை விற்றுவிடுவது. அதை சுகுமாரனிடமும் சொல்லிவிட்டாள். வாழ்க்கையில் ஒரே ஒரு காரியமாவது அந்த முன் இருக்கையில் வந்து முடியாமல் இருக்கட்டும் என்பதுதான் அவள் கேட்டது. அதை மட்டும் அவனிடம் சொல்லவில்லை.

மே மாதக் கடைசியில் மழை விட்டு வெயில் ஏறியதும் ஞாயிற்றுக்கிழமைகள் தொடங்கின. விடிந்தும் விடியாமலும் ஈப்போ ஸ்டேடியத்தில் கூடி, செம்மோர், சுங்கை சிப்புட் வழியாகக் கோலா கங்சார் வரை போய்த் திரும்புவார்கள். கலாதேவி எப்போதும் கடைசி. அவள் வேலை கையுறைத் தொழிற்சாலையில். பெட்டிக்குப் பெட்டி சில கையுறைகளை உருவி, ஒவ்வொன்றிலும் ஒரு லிட்டர் தண்ணீர் ஊற்றித் தொங்கவிட்டு, இரண்டு நிமிடம் பார்க்க வேண்டும். ஒரு சொட்டு கசிந்தாலும் குறித்துக்கொள்ள வேண்டும். பன்னிரண்டு மணி நேரம் நின்றுகொண்டே செய்யும் வேலை. சனிக்கிழமை நின்ற கால், ஞாயிற்றுக்கிழமை பெடலை மிதிக்கும்போது யாருடைய காலோ போல இருக்கும். மூன்று வருடத்துக்கு முன் டாக்டர் சர்க்கரை என்று சொல்லி உடம்பை அசைக்கச் சொன்னபோது, தர்மா என்ற பையனிடம் இரண்டாம் கையாக வாங்கிய சைக்கிள் அது.

பையன் என்பது பழக்கத்தில் சொல்வது. தர்மாவுக்கு முப்பது வயது. கூட்டத்தில் எல்லாருக்கும் முன்னால் போகிறவன். கோலா கங்சார் கடையில் மற்றவர்கள் ரொட்டி சனாய் தின்று, பாலில்லாத தே ஓ குடித்து, இரண்டாவது தே ஓவுக்கும் சொன்ன பிறகுதான் கலாதேவி போய்ச் சேருவாள்.

"அக்கா, ஒங்களுக்கு மத்தியானச் சாப்பாடு ஆர்டர் பண்ணவா?" என்பான் தர்மா.

"பண்ணுடா. காசும் நீயே குடு."

ஜூன் போயிற்று. ஜூலையில் எடை இரண்டு கிலோ குறைந்தது, முட்டி வலி கூடியது. சுங்கை சிப்புட் மேட்டில் முன்பெல்லாம் இறங்கித் தள்ளுவாள், இப்போது தள்ளுவதில்லை. அவ்வளவுதான் முன்னேற்றம். வீட்டுக்கு வந்ததும் சமையலறைத் தரையில் காலை நீட்டிப் படுத்தபடியே மகளுக்கு என்ன சமைப்பது என்று யோசிப்பாள். வாசலில் லோரி நிற்கும் இடத்தில் சிமெண்டுத் தரை ஈரமாக இருக்கும். தாண்டிக்கொண்டு போவாள்.

ஜூலைக் கடைசி ஞாயிற்றுக்கிழமை, ரோட்டை விட்டுவிட்டு பீடோர் பக்கம் ஒரு பழைய ரப்பர் தோட்டத்துக்குள் போனார்கள். இப்போது அங்கே முழுக்க எண்ணெய் எடுக்கும் செம்பனை. முந்தின நாள் பெய்த திடீர் மழையில் செம்மண் பாதை குழம்பாகிக் கிடந்தது. சக்கரத்தில் மண் அப்பி, செயின் இறுகி, பாதிப் பேர் சைக்கிளைத் தோளில் சுமந்தார்கள். கலாதேவி இரண்டு தடவை விழுந்தாள். தோட்டத்து முனைக்கு லோரியைக் கொண்டுவந்து எல்லாரையும் ஏற்றிக்கொள்வதாக சுகுமாரன் ஒப்புக்கொண்டிருந்தான். முனைக்கு வந்து பார்த்தால் லோரி இல்லை. போன் போட்டாள்.

"லோரி கெட்டுப்போச்சு லா," என்றான். "ரேடியேட்டரு ஒழுகுது."

இந்த வார்த்தை அவளுக்குப் புதிதில்லை. மச்சினன் வீட்டுக் காதுகுத்து, மகளின் பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம், மாமியாரின் கண் ஆபரேஷன், எல்லாவற்றுக்கும் சரியாக முந்தின நாள் லோரி கெட்டுப்போயிருக்கிறது. லோரி அவனுக்குப் பிழைப்பு, அதைவிடச் சாக்கு. சகதியோடு சகதியாகப் பன்னிரண்டு கிலோமீட்டர் மிதித்து பீடோர் டவுனுக்கு வந்து சேர்ந்தார்கள். அங்கே தர்மா போனை நீட்டினான். யாரோ கூட்டாளி போட்ட படம். கம்பாரில் ஒரு டுரியான் கடை, மேசையெல்லாம் முள்தோல். வாய் நிறையப் பழத்தோடு சுகுமாரன். பின்னால், நிழலில், அவனுடைய லோரி.

"அண்ணன் ரேடியேட்டருல முள்ளு இருக்கு போலக்கா," என்றான் தர்மா.

அன்றைக்கு அவள் வீட்டுக்கு வந்து குளிக்கக்கூட இல்லை.

"ரேடியேட்டரு ஒழுகுதுன்னீங்க?"

"ஒழுகுது. அது வேற, டுரியான் வேற."

"இனிமே லோரி கெட்டுப்போச்சுன்னு ஒங்க வாயில வந்தா நான் நம்பவே மாட்டேன். கேட்டுக்குங்க. ரேஸ் அன்னைக்கு எனக்காக மெதுவா ஓட்டுறது, நின்னு நின்னு வர்றது, எதுவும் வேணாம். பன்னெண்டுன்னா பன்னெண்டு. புடிச்சா புடிங்க. இல்லாட்டி விடுங்க."

"சரி லா."

"சத்தியமா?"

"லோரி மேல சத்தியம்."

அவன் செய்யும் சத்தியங்களில் அது ஒன்றுதான் உருப்படி என்று அவளுக்குத் தெரியும்.

பந்தயத்தன்று தாப்பாவில் முப்பத்தெட்டுப் பேர் கிளம்பினார்கள். முதல் பத்துக் கிலோமீட்டர் நிழலில் போயிற்று. லாத்தா இஸ்கண்டார் அருவியைத் தாண்டியபோது, கீழ் வளைவில் லோரியின் முதல் கியர் உறுமல் கேட்டது. திரும்பிப் பார்க்கவில்லை. பச்சைப் பெத்தாய்க் காய்க் கொத்துகளைத் தொங்கவிட்ட ரோட்டோரக் கடைகளில் உட்கார்ந்திருந்தவர்கள் இவள் ஏறுவதை வெறுமனே பார்த்தார்கள். அவ்வப்போது ஹாரன் கேட்டது. யாரோ ஒருவர் ஏற்றப்பட்டுவிட்டார் என்று அர்த்தம். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. இனிமேல் அவளுக்குப் பின்னால் சைக்கிள் எதுவும் இல்லை.

முப்பத்தொன்றாவது கிலோமீட்டர்க் கல் வந்தது. போன வருடம் உட்கார்ந்த இடம். உறுமல் இரண்டு வளைவு கீழே கேட்டது. வாயில் இரும்பு ருசி. முப்பத்திரண்டு. உறுமல் ஒரு வளைவுதான் கீழே. முட்டியில் யாரோ ஆணியை வைத்து அழுத்துவது போல இருந்தது. இன்னும் கொஞ்ச நேரம், அவ்வளவுதான் என்று தோன்றியது. சைக்கிளை யாரிடம் விற்கலாம் என்றுகூட யோசித்தாள்.

முப்பத்து மூன்றைத் தாண்டியதும் சத்தம் நின்றது.

அவள் மிதித்துக்கொண்டே காத்திருந்தாள். வண்டுச் சத்தம்தான் கேட்டது. ஒரு வளைவு, இன்னொரு வளைவு. இந்த வருடம் தர்மாவுக்குக் காலில் சுளுக்கு. மோட்டாரில் மேலும் கீழும் போய் ஆட்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தான். கீழேயிருந்து வந்து அவள் பக்கத்தில் மெதுவாக்கினான்.

"அக்கா, கெத்து! அண்ணன் லோரி கெட்டுப்போச்சு. பொகையா விட்டுக்கிட்டு நிக்கிது."

அவளுக்கு முகமெல்லாம் சூடேறியது. "அவரா சொன்னாரு?"

"பின்ன?"

"நெனச்சேன்," என்றாள்.

மிச்சப் பன்னிரண்டு கிலோமீட்டரையும் ஆத்திரத்தில்தான் ஏறினாள். ஆத்திரம் நான்கு கிலோமீட்டருக்குத் தாங்கியது. அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. வலது கால், இடது கால். ரிங்லெட் கடைத்தெருவில் ரதீசன் மேசை போட்டு உட்கார்ந்திருந்தார். மணி பதினொன்றேகால். லோரி ஒழுங்காக வந்திருந்தால் பத்து நிமிடத்துக்கு முன்பே வந்திருக்கும். எல்லாரும் கைதட்டினார்கள்.

"வாங்கோ கலா, வாங்கோ! நீங்கள் முப்பத்து நாலாவது." ரதீசன் பேனாவை எடுத்தார்.

"எழுதாதீங்க அண்ணே."

"ஏன்? லோரி உங்களைத் தாண்டேல்லையே."

"தாண்டாம நிப்பாட்டிக்கிட்டாரு. எனக்காக."

"எங்கட விதியில அப்படி ஒண்டும் இல்லை. தாண்டினால் தாண்டினதுதான். தாண்டாட்டித் தாண்டேல்லை."

"எம் புருஷன எனக்குத் தெரியும் அண்ணே. எழுதாதீங்க."

ரதீசன் அவளைப் பார்த்தார். முப்பத்து நான்கு என்ற எண்ணை மட்டும் எழுதி, பக்கத்தில் இடம் விட்டுப் பேனாவை மூடினார். அவள் கடை வாசல் பெஞ்சில் உட்கார்ந்தாள். தொடை தானாகத் துடித்துக்கொண்டிருந்தது. யாரோ மைலோ வாங்கிக் கொடுத்தார்கள். ஆறி ஆடை கட்டும்வரை அதைக் கையில் வைத்திருந்தாள்.

ஒரு மணிக்கு மேல் ஆயிற்று. முட்டைக்கோசு ஏற்றப் போகும் வேறொரு லோரி கடைக்கு எதிரே நின்றது. பின்பக்கமிருந்து நான்கு பேரும் அவர்கள் சைக்கிள்களும் இறங்க, முன்னாலிருந்து சுகுமாரன் இறங்கினான். வலது கையில், விரல் நுனியிலிருந்து முழங்கை வரை, வெள்ளைக் கட்டு. வரும் வழியிலேயே கிளினிக்கில் போட்டது.

கலாதேவி எழுந்தாள். "என்னாச்சு?"

"மூடியத் தொறந்துட்டேன்."

சூடேறிய ரேடியேட்டர் மூடியைத் தொடக்கூடாது என்பது லோரி ஓட்டக் கற்றுக்கொள்ளும் முதல் வாரமே தெரிந்துவிடும். இவன் இருபத்தைந்து வருடமாக ஓட்டுகிறான்.

"ஆறட்டும்னு நிக்க வேண்டியதுதானே?"

"ஆறுறதுக்கு முக்கா மணி நேரமாகும்," என்றான். "அவ்ளோ நேரம் நின்னா நீ நம்ப மாட்ட. சட்டுனு தண்ணிய ஊத்திட்டு வந்து ஒன்னப் புடிச்சிரலாம்னு பாத்தேன்."

அவன் அதைச் சிரித்துக்கொண்டே சொல்லப் பார்த்தான். வலியில் முகம் கோணியது. ஆறிப்போன மைலோவை அவனிடம் நீட்டினாள். இடது கையால் வாங்கிக் குடித்தான்.

ரதீசன் காகிதத்தோடு வந்து நின்றார். கேட்கவில்லை, காட்டினார்.

"எழுதுங்க," என்றாள் கலாதேவி. "பக்கத்துல, லோரி கெட்டுப்போச்சுன்னும் எழுதுங்க."

ரதீசன் குண்டு குண்டான எழுத்தில் அதையும் எழுதினார். அடியில் சுகுமாரன் இடது கையால் கையெழுத்துப் போட்டான். நண்டு நடந்த மாதிரி இருந்தது.

"செல்லுமா அண்ணே?"

"செல்லும், செல்லும்."

ரதீசனின் காரில் மூவரும் மலையிறங்கினார்கள். முப்பத்து மூன்றாவது கிலோமீட்டர் வளைவில், ரோட்டை ஒட்டி, முன்மூடியைத் தூக்கிய லோரி நின்றது. நிறுத்தச் சொன்னாள். ஏறியிருந்த நான்கு பேரும் தங்கள் போத்தல் தண்ணீரையெல்லாம் அதில் ஊற்றிப் பார்த்திருந்தார்கள். கலாதேவி முட்டி முறிவது போல வலிக்க, மெதுவாகக் குந்தி அடியில் பார்த்தாள். தாரில் பெரிய ஈரம். தொழிற்சாலைப் பழக்கத்தில் மனசுக்குள் எண்ண ஆரம்பித்தாள். நான்கு எண்ணுவதற்குள் ஒரு சொட்டு விழுந்தது. பிறகு இன்னொன்று.

"ஒழுகுது," என்றாள்.

"மே மாசத்துலேர்ந்து சொல்றேன்."

எழ முயன்றாள், முடியவில்லை. அவன் இடது கையை நீட்டினான். அதைப் பிடித்து எழுந்து, பிடித்தபடியே கார் வரை நடந்தாள்.

"அப்ப சைக்கிள விக்கலையா?" என்றான் அவன், கதவைச் சாத்திக்கொண்டு.

"அடுத்த வருஷத்துக்கு வேற லோரி பாக்கச் சொல்லணும்," என்றாள் கலாதேவி. தாப்பா வருவதற்கு முன்பே தூங்கிப்போனாள்.