ஜெபத்தின் நடுவே போன கிட்டார்

இதை எழுத உட்காருவதும் எழுந்து போவதுமாக ஐந்து வருஷம் ஓடிவிட்டது. நான் பத்தாவது வரை படித்தவன். சங்கரன்கோவில் ரத வீதிப் பக்கம் பாத்திரக்கடை வைத்திருக்கிறேன். பில் எழுதுவதைத் தவிர எனக்கு எழுத்து வேலை கிடையாது. ஆனால் தாமதத்துக்குக் காரணம் படிப்பு அல்ல, பயம். என் வீட்டில் நடந்த ஒரு கிட்டார் விற்பனையில் ஒரு நிமிஷம் உண்டு. அந்த நிமிஷத்தில் நான் செய்ததை எழுத வேண்டும் என்று நினைத்தாலே கை நின்றுவிடும்.

எங்களுக்கு ஒரே மகன். சபையில் கிட்டார் வாசிப்பான். பாதி நாள் என்னோடு கடையில் நிற்பான். மீதி நாள் பழைய கிட்டார்களை எங்கெங்கிருந்தோ வாங்கி வந்து, கம்பி மாற்றி, வெடிப்பை ஒட்டி, சுற்றுவட்டாரத்துச் சபைகளுக்கு விற்பான். “புதுசு வாங்குறவன் பாதிப் பேரு ஸ்டைலுக்கு வாங்குதான்ப்பா. பழச வாங்குறவன்தான் வாசிக்கான்” என்பான். இருபத்தாறு வயதில் ராஜபாளையம் ரோட்டில் லாரி மோதி இறந்துபோனான். அதைப் பற்றி இதற்கு மேல் எழுத எனக்குத் தெம்பு இல்லை.

அவன் போன பின் என் மனைவியின் ஜெபம் நின்றுவிட்டது. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு வருவாள், பாட்டுப் புத்தகத்தையும் விரித்து வைத்திருப்பாள். வீட்டில் சாயங்காலம் நாங்கள் ஆளுக்கொரு ஜெபம் பண்ணுவது வழக்கம். அவள் முறை வரும்போது சத்தமே வராது. நான் கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு, கர்த்தருடைய ஜெபத்தை நானே சொல்லி முடித்துவிடுவேன். பதினான்கு மாதம் அப்படித்தான் போயிற்று.

வீட்டில் மூன்று கிட்டார் மிச்சம் இருந்தன. இரண்டு அவன் விற்க வாங்கியவை. ஒன்று அவனே வாசித்தது. ஒருநாள் அவளாகவே சொன்னாள்: “தூசி அடைஞ்சுக்கிட்டுக் கெடக்கு. கோயில்ல வாசிக்கிற ஆளாப் பாத்துக் குடுத்துருங்க. கடைக்காரன்ட்ட போட்டுராதிய.”

கடையில் யாராவது பழைய குத்துவிளக்கோ அண்டாவோ விற்கக் கொண்டுவந்தால் நான் கேட்கும் முதல் கேள்வி, “யார் வீட்டுதுய்யா இது?” என்பதுதான். ஆள் தெரியாவிட்டால் தராசில் வைக்கவே மாட்டேன். திருட்டுப் பொருளை வாங்கிப் போலீஸ் படி ஏறிய கடைக்காரர்களை எனக்குத் தெரியும். அவ்வளவு விவரமான நான், செல்போனில் கிட்டார் விளம்பரம் போடும்போது எழுதியது இது: “மரித்துப்போன எங்கள் மகனுடைய கிட்டார்கள். ஊழியத்தில் வாசிப்பவருக்கு மட்டும். வீட்டுக்கு வந்து பார்க்கலாம். பகலில் நானும் மனைவியும் மட்டும் இருப்போம்.” கீழே தெருப் பெயர், கதவு எண் எல்லாம் கொடுத்திருந்தேன். அதை நேர்மையான விளம்பரம் என்று நினைத்தேன். ஏமாற்ற நினைப்பவனுக்கு எங்கள் வீட்டுச் சாவியையும் எங்கள் துக்கத்தையும் சேர்த்துக் கொடுத்திருக்கிறேன் என்று தோன்றவில்லை.

முதல் கிட்டாருக்கு வாசுதேவநல்லூரிலிருந்து ஒரு பள்ளிக்கூட வாத்தியார் தன் மனைவியோடு வந்தார். உட்கார்ந்ததும் முறுக்காணிகளைத் திருகிச் சுருதி சேர்த்தார். கழுத்துப் பகுதி வளைந்திருக்கிறதா என்று ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். ஒரு கீர்த்தனை வாசித்தார். பணத்தை எடுத்து என் மனைவி கையில் கொடுத்தார். வீட்டை விட்டு எந்தப் பொருள் போனாலும் ஜெபம் பண்ணி அனுப்புவது எங்கள் வழக்கம். நான் ஜெபித்தேன், அவர்கள் ஆமென் சொல்லிக் கிளம்பினார்கள். இரண்டாவது கிட்டாரும் அப்படியே நல்லபடியாகப் போனது.

மகனே வாசித்த மூன்றாவதுக்கு ஒருவன் போன் பண்ணினான். குருவிகுளம் பக்கம் ஒரு சின்ன சபையில் வாசிப்பதாகச் சொன்னான். முதல் நாள் என்னிடம் பேசினான், மறுநாள் என் மனைவியிடம். பிறகு அவளிடம் மட்டும்தான். அவள் பேசுவது அடுப்படியிலிருந்து எனக்குக் கேட்கும்.

“சாப்ட்டியா மக்கா?”

அவன் என்ன சொன்னானோ, அவள் சிரித்தாள். “ஒத்தைல இருந்தா அப்படித்தான் பொங்கித் திங்கணும். நீ வா, ஒனக்கு மீன் கொழம்பு வச்சுத் தாரேன்.”

பத்து நாள் இப்படிப் போனது. அந்தப் பத்து நாளும் அவள் இரண்டு வேளை ஒழுங்காகச் சாப்பிட்டாள். நான் வேறு எதையும் பார்க்கவில்லை, அதைத்தான் பார்த்தேன்.

ஒரு புதன்கிழமை முற்பகலில் பைக்கில் வந்தான். இருபத்தைந்து, முப்பது வயது இருக்கும். வெள்ளைச் சட்டை. பைக்கை உள்ளே விடச் சொன்னேன். “இருக்கட்டும் அண்ணாச்சி, ஒடனே கெளம்பணும்” என்று தெருவைப் பார்த்தமாதிரி வெளியிலேயே நிறுத்தினான். கிட்டாரை மடியில் வைத்து நாலு கம்பியைத் தட்டிப் பார்த்தான். பதினான்கு மாதம் சும்மா கிடந்த கிட்டார், சுருதி ஒன்றோடொன்று சேரவே இல்லை. எனக்கே அது காதில் உறுத்தியது. அவன் முறுக்காணியைத் தொடவில்லை.

“ஒரு பாட்டு வாசியேன் மக்கா, கேப்போம்” என்றாள்.

“ஜெபம் பண்ணாம நான் இதுல வாசிக்க மாட்டேம்மா. அண்ணன் வாசிச்சதுல்லா. நீங்க ஜெபம் பண்ணித் தாங்க.”

“அவிய பண்ணுவாவ” என்று என்னைக் காட்டினாள்.

“இல்லம்மா. நீங்கதான் பெத்தது. நீங்க பண்ணுங்க.”

அவள் முந்தானையைத் தலைக்குப் போட்டுக்கொண்டு முழங்காலிட்டாள். நானும் முழங்காலிட்டேன். அவனும் இட்டான். வழக்கம்போல நான்தான் தொடங்க வேண்டுமோ என்று நினைத்தபோது அவள் வாய் திறந்தாள்.

“ஆண்டவரே, நான் ஒம்மகிட்டப் பேசல. கோவமா இருந்தேன். எம்புள்ளைய ஏன் எடுத்தீருன்னு கேக்கக்கூடப் பிடிக்கல எனக்கு” என்று தொடங்கினாள். அழுதுகொண்டே பேசினாள். மகன் பிறந்தது, காய்ச்சல் கண்டது, முதன்முதல் கோயிலில் வாசித்தபோது விரலில் ரத்தம் வந்தது என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். பதினான்கு மாதமாக அடைத்துக்கொண்டிருந்தது உடைத்துக்கொண்டு வந்தது.

என் பக்கத்தில் துணி உரசும் சத்தம் கேட்டது. ஜெபத்தில் கண்ணைத் திறக்கக் கூடாது என்று சின்ன வயதிலிருந்தே பழகியவன் நான். அன்றைக்குத் திறந்தேன்.

அவன் எழுந்து நின்றிருந்தான். கிட்டார் உறைக்குள் போய்விட்டது. ஜிப் சத்தம் கேட்காமலிருக்க உறையின் வாயைக் கையால் சேர்த்துப் பிடித்திருந்தான். பணம் எங்கேயும் வைக்கப்படவில்லை. என்னைப் பார்த்தான், நானும் அவனைப் பார்த்தேன். அவன் ஓடவில்லை. நான் என்ன செய்யப் போகிறேன் என்று பார்த்தபடி நின்றான். நான் “ஏலே” என்று ஒரு குரல் கொடுத்திருந்தால் போதும். அக்கம்பக்கத்தில் ஆட்கள் இருந்தார்கள்.

ஆனால் அவள் பேசிக்கொண்டிருந்தாள். குரல் கொடுத்தால் அவள் ஜெபம் அந்த இடத்தில் அறுந்துபோகும். கண்ணைத் திறந்தால் அவள் பார்க்கப்போவது, மக்கா என்று கூப்பிட்டவன் மகனுடைய கிட்டாரைத் திருடிக்கொண்டு நிற்பதை. அதன் பிறகு அவள் வாய் திறப்பாளா?

நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

பைக் கிளம்பும் சத்தம் கேட்டது. அவள் நிறுத்தவில்லை. இன்னும் நெடுநேரம் ஜெபித்தாள். ஆமென் சொல்லிக் கண்ணைத் துடைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தாள்.

“எங்க அவன்?”

“போயிட்டான். சபைல அவசரமாம், போன் வந்துச்சு. ஒன் ஜெபத்தக் கெடுக்க வேண்டாம்னு சைக காட்டிட்டுப் போனான்.”

“துட்டு?”

“தந்துட்டான்.”

“சாப்பிடாமப் போயிட்டானே, பாத்தியளா” என்று மட்டும் சொன்னாள்.

அன்று சாயங்காலம் அவள் முறை வந்தபோது அவளே ஜெபித்தாள், மறுநாளும் ஜெபித்தாள். சபைக் கூடுகையில் எழுந்து நின்று, தன் மகன் கிட்டார் ஒரு ஏழைச் சபையில் பாடிக்கொண்டிருக்கிறது என்று சாட்சி சொன்னாள். நான் பின்வரிசையில் உட்கார்ந்து கேட்டேன். அவன் நம்பர் மறுநாளே செத்துவிட்டது. ஏன் அவன் பேசவே இல்லை என்று அவள் கேட்கும்போதெல்லாம், கடைக்குப் போன் பண்ணினான், உன்னை விசாரித்தான் என்பேன். ஒரு பொய்யைக் காப்பாற்ற எத்தனை பொய் சொல்லியிருக்கிறேன் என்று எனக்கே கணக்கில்லை. போலீஸில் சொல்லவில்லை, போதகரிடமும் சொல்லவில்லை. போனது ஒரு பழைய கிட்டார்தானே, என் மனைவி திரும்பக் கிடைத்தாள் என்று கர்த்தரிடம் நியாயம் பேசினேன்.

ஏழெட்டு மாதம் கழித்து அந்த வாசுதேவநல்லூர் வாத்தியார் கிட்டார்க் கம்பி வாங்க ஊருக்கு வந்தவர் எங்கள் வீட்டுக்கும் வந்தார். முகம் நன்றாக இல்லை. காப்பி கொடுத்துவிட்டு என் மனைவி விசாரித்தாள்.

“எங்க பெரியம்மாவுக்கு அடிபட்டுட்டும்மா. பெரியப்பா எறந்தபெறவு அவர் கிட்டார விக்கணும்னு போன்ல வெளம்பரம் போட்டிருந்தாவ. ஒருத்தன் வந்திருக்கான். ஒத்தையாத்தான் இருந்தாவ. ஜெபம் பண்ணித் தாங்கம்மா, நீங்கதான் பண்ணணும்னு அவனே கேட்டிருக்கான். பாதில கண்ணத் தொறந்தா அவன் வாசல்ல நிக்கான், கையில கிட்டார். இவுக போயிப் பையப் புடிச்சுட்டாவ. தள்ளி விட்டுட்டான். இடுப்பெலும்பு படில பட்டு ஒடஞ்சுட்டு.”

அவர் சொல்லும்போதே என் மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். வாத்தியார் போனதும் டம்ளர்களைக் கழுவி வைத்துவிட்டு வந்தாள்.

“நம்மகிட்டத் துட்டு தந்தானா?”

“இல்ல.”

“போறதப் பாத்தியளா?”

“பாத்தேன். கண்ணத் தொறந்து பாத்தேன்.”

“பாத்துட்டு?”

“மூடிக்கிட்டேன். நீ பேசிக்கிட்டிருந்த. பதினாலு மாசம் கழிச்சு.”

அவள் அழவில்லை. “எனக்காகன்னு சொல்லாதிய” என்றாள். “எனக்குத் தாங்குமா தாங்காதான்னு நீங்களே முடிவு பண்ணிட்டிய. கிட்டார் போனாப் போட்டும். அன்னைக்கே நாலு பேரு காதுல போட்டிருந்தா அந்த அம்மா கதவத் தொறந்திருப்பாவளா?”

வாத்தியாருக்குப் போன் பண்ணி அந்தப் பெரியம்மா வீட்டுக்கு வழி கேட்டேன்.

மறுநாள் காலை பஸ்ஸில் வாசுதேவநல்லூர் போனோம். அந்தப் பெரியம்மா கட்டிலில் கிடந்தார்கள். நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அவர்கள் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் நின்ற மகள் கேட்டாள்: “நீங்க ஜெபம் கெட்டுரக் கூடாதுன்னு பாத்திய. எங்கம்மைக்கு இனிமே முழங்கால் போட முடியாது. தெரியுமா ஒங்களுக்கு?” என் மனைவி என்னைக் காப்பாற்ற ஒரு சொல்லும் சொல்லவில்லை. அது சரிதான்.

பிறகு போலீஸில் இரண்டு வீட்டாரும் சேர்ந்து எழுதிக் கொடுத்தோம். ஏழெட்டு மாதத்துக்கு முந்தைய திருட்டை இப்போது வந்து சொல்கிறீரே வே என்று அங்கே ஒருவர் கேட்டார். அவன் பேசிய நம்பர் வேறு யாருடைய பெயரிலோ இருந்தது. ஆள் கிடைக்கவில்லை. மாதம் ஒருமுறை என் மனைவி அந்த அம்மாவைப் போய்ப் பார்த்துத் தலை சீவிவிட்டு வருவாள். எழுந்து நடக்காமலே அந்த அம்மா அடுத்த ஐப்பசி மழையோடு போய்ச் சேர்ந்தார்கள். அடக்க ஆராதனையில் நான் கல்லறைத் தோட்டத்துச் சுவரோரம் நின்றேன். பக்கத்தில் போக மனசு வரவில்லை.

என் மனைவி இப்போதும் சாயங்காலம் ஜெபிக்கிறாள், ஆனால் அடுப்படியில் தனியாக. அவள் ஜெபத்தில் நான் உட்கார்ந்து ஐந்து வருஷம் ஆகிறது.

பழைய கிட்டாரோ வேறெதுவோ விற்கிறவர்களுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். யார் செத்தார்கள், ஏன் விற்கிறீர்கள் என்று விளம்பரத்தில் எழுதாதீர்கள். வீட்டு விலாசம் கொடுக்காதீர்கள். பஸ் ஸ்டாண்ட் முன்னால், டீக்கடையில், நாலு பேர் நடமாடும் இடத்தில் பகலில் வரச் சொல்லுங்கள், ஒருவரைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். கிட்டாரை அவன் கையில் கொடுத்துச் சுருதி சேர்க்கச் சொல்லிப் பாருங்கள். வாசிக்கிறவன் கை சும்மா இருக்காது. பணம் கைக்கு வந்த பிறகு பொருளைக் கொடுங்கள். எல்லாம் முடிந்த பின் ஜெபம் பண்ணலாம், கர்த்தர் காத்திருப்பார். அதையும் மீறி ஏமாந்துவிட்டால் அன்றைக்கே சத்தமாகச் சொல்லுங்கள். வெட்கமாக இருந்தாலும் சொல்லுங்கள்.

எங்கள் சபையில் இந்தக் கதை இப்போது வேறு மாதிரி சுற்றுகிறது. திருடன் என்னைக் கத்தியைக் காட்டி மிரட்டினான் என்கிறார்கள் சிலர். நான் ஜெபத்தில் அப்படியே கரைந்துபோயிருந்தேன், எதுவும் தெரியவில்லை என்கிறார்கள் சிலர். என்மேல் உள்ள பிரியத்தில் சொல்கிறார்கள். போன வாரம் ஒருவர் என் மனைவியிடமே அப்படிச் சொல்லப்போக, அவள் வந்து நோட்டையும் பேனாவையும் என் முன்னால் வைத்தாள். “உள்ளத எழுதுங்க” என்றாள்.

இதைப் படிக்கிறவர்கள் தெரிந்தவர்களுக்குச் சொல்லுங்கள். ஆனால் எனக்காக இரக்கப்பட்டு ஒரு வரியையும் மாற்ற வேண்டாம். கத்தி இல்லை. எனக்குத் தெரியாமலும் நடக்கவில்லை. நான் பார்த்தேன், பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டேன். அதை அப்படியே சொல்லுங்கள்.